எல்லாக் கணக்குக்கும் எழுபத்தைந்து

கிறிஸ்டோவின் கால்குலேட்டர் மறுபடியும் காணாமல் போயிருந்தது.

பீளமேட்டில் பம்பு செய்யும் அந்தக் கம்பெனியில் பேனாவுக்குக்கூட சொந்தக்காரர் உண்டு; கால்குலேட்டருக்குக் கிடையாது. "சித்தெ குடுங்க" என்று ஒருவர் வாங்கிப் போவார். அவரிடமிருந்து ஸ்டோர்ஸ், ஸ்டோர்ஸிலிருந்து டெஸ்டிங் என்று ஊர்வலம் போய், கடைசியில் அது கேன்டீனில் போண்டா கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கும். சைன், காஸ், டேன் எல்லாம் தெரிந்த ஒரு மிஷினுக்கு அது பெரிய அவமானம் என்று கிறிஸ்டோ நினைத்தான்.

அவனுக்கு அது இல்லாமல் வேலை ஓடாது. யார் தோட்டத்துக்கு எத்தனை குதிரைத்திறன் மோட்டார் வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்வதுதான் அவன் உத்தியோகம். அதுவும் தப்பே வரக்கூடாத காலம் இது. மாதக் கடைசியில் அவனைப் பெர்மனென்ட் ஆக்குவதா, நன்றி சொல்லி அனுப்புவதா என்று முதலாளி திருமூர்த்தி முடிவு செய்யப் போகிறார். அவன் கட்டிக்கொள்ள நினைக்கும் ஜெனிதாவின் அப்பா அமிர்தநாதன் ஏற்கனவே தன் முடிவைச் சொல்லிவிட்டார். பெர்மனென்ட் ஆர்டரைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கோயிலில் ஊரறியக் கல்யாணத்தை அறிவிக்கும் கல்யாண ஓலையை வாசிக்கச் சொல்வாராம். அதுவரை ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஜெனிதாவோடு பேசலாம். ஆனால் செருப்பு மாட்டும் நேரம் வரைக்கும்தான்.

ஜெனிதா அந்த நேரத்தை நீட்டிக்க வார் வைத்த செருப்பு வாங்கியிருந்தாள்.

எனவே அந்தச் சனிக்கிழமை கிறிஸ்டோ டவுன்ஹால் பக்கம் பழைய எலெக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருக்கும் ரசாக் பாயிடம் போனான்.

"யாரும் கடன் கேக்காத கால்குலேட்டர் ஒண்ணு வேணும் பாய்."

ரசாக் பாய் சிரிக்கவில்லை. இந்த வியாதியை முன்பே பார்த்த டாக்டர் போலத் தலையசைத்துவிட்டு, ஒரு தோல் உறையிலிருந்து எதையோ உருவி மேசை மேல் வைத்தார். செங்கல் மாதிரி படுத்த வாக்கில் இருந்தது.

"கேப்பாங்க தம்பி. ஆனா வாங்கிட்டுப் போனவனே ரெண்டு நிமிஷத்துல கொண்டாந்து குடுத்துருவான். நல்லா பாருங்க, இதுல ஈக்குவல் பட்டன் கிடையாது."

கிறிஸ்டோ பார்த்தான். சமக்குறி இருக்க வேண்டிய இடத்தில் சமக்குறி இல்லை. வேறெங்கும் இல்லை. பதிலுக்கு நடுவில் 'என்டர்' என்று நெடுக ஒரு பொத்தான் மட்டும் நின்றது.

பாய் அதன் வம்ச வரலாற்றை எடுத்துவிட்டார். ஸ்லைடு ரூல் என்ற மர ஸ்கேலை எழுபதுகளில் ஒழித்துக் கட்டிய பரம்பரை இது. அந்தக் காலத்து இன்ஜினியர்கள் இதைத் துப்பாக்கி மாதிரி இடுப்பு பெல்ட்டில் செருகிக்கொண்டு திரிவார்கள். சுடுவது எப்படியென்று தெரிந்தவனுக்கே மரியாதை. இதற்கு ஒரு தம்பி உண்டு. வட்டிக் கணக்குக்கென்றே பிறந்தவன், எண்பதுகளில் வந்த அதே மூஞ்சியோடு இன்றைக்கும் விற்பனையாகிறான். பேங்க்காரர்களுக்கு மூஞ்சி மாறினால் நம்பிக்கை போய்விடும். போலந்து தேசத்துக்காரர் ஒருவரின் யோசனையைத் திருப்பிப் போட்டு உண்டாக்கிய கணக்கு முறை. முதலில் எண்கள், அப்புறம்தான் என்ன செய்ய வேண்டும் என்பது. அஞ்சு, என்டர், அறுபது, பெருக்கல். அவ்வளவுதான், விடை வந்துவிடும்.

"அஞ்சையும் அறுபதையும் பெருக்கு. நாம அப்படித்தான பேசறோம்? என்ன செய்யணுங்கறது கடைசியிலதான வருது? மத்த கால்குலேட்டர் எல்லாம் இங்கிலீஷ் மீடியம் தம்பி. இதுதான் தமிழ் மீடியம்."

கிறிஸ்டோ ஒரு பொத்தானை அமுக்கினான். 'டிக்' என்று விரலுக்குள் ஒரு சின்ன ஒலி இறங்கியது. இன்னொன்றை அமுக்கினான். ஜெனிதாவைப் பார்க்கும்போது வருகிற அதே கிறுகிறுப்பு. ஆனால் இதில் அமிர்தநாதன் இல்லை. வாங்கிவிட்டான்.

திங்கட்கிழமை மருந்து வேலை செய்தது. ஸ்டோர்ஸ்காரர் சமக்குறியைப் பேட்டரி மூடிக்குள்கூடத் தேடிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பழைய பழக்கத்தில் அமுக்கினால், கடைசியாக எந்த எண்ணை அமுக்கினோமோ அதுவே திரையில் அசையாமல் நிற்கும். அக்கவுண்ட்ஸ் லட்சுமிநாராயணன் பத்தைப் பத்தால் பெருக்கி, பத்து என்று வந்ததும், இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்துவிட்டு முகம் கழுவப் போனார். எல்லாரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "ஏனுங்க, ஈக்குவல் எங்கீங்க?"

முதலாளி திருமூர்த்தி மட்டும் கேட்கவில்லை. ஒரு மத்தியானம் வாங்கிப்போய், கொஞ்ச நேரத்தில் திருப்பிக் கொடுத்தார். அவர் யாரிடமும் எதுவும் கேட்கிற வழக்கம் இல்லாதவர் என்பதால் கிறிஸ்டோவுக்கு அது விசேஷமாகப் படவில்லை.

புதன்கிழமை ஆனைமலையிலிருந்து ராசாத்தாள் வந்தார். தென்னந்தோப்பு, நார் மில், கழுத்தில் தாலிக்கொடியோடு ரீடிங் கிளாஸ் என்று எல்லாம் உள்ளவர். கிணற்று மோட்டார் புகைந்துவிட்டதாம். நல்லதாக ஒன்று வேண்டும்.

கால்குலேட்டரோடு கேபினுக்குள் வந்த கிறிஸ்டோவிடமிருந்து அதை முதலாளியே வாங்கிக்கொண்டார்.

"நீ இரு, நானே போடறேன். அம்மா நெம்ப வருஷத்துப் பார்ட்டி."

பம்புக் கணக்கு பெரிய ரகசியமில்லை. விநாடிக்கு எத்தனை லிட்டர், எத்தனை மீட்டர் உயரம், இரண்டையும் பெருக்கி எழுபத்தைந்தால் வகுத்தால் குதிரைத்திறன். முதலாளி அமுக்கினார். அஞ்சு, பெருக்கல், அறுபது, வகுத்தல், எழுபத்தைந்து.

திரையில் எழுபத்தைந்து நின்றது.

"எழுபத்தஞ்சு ஹெச்.பி. வேணுமுங்க" என்றார் முதலாளி.

சரியான விடை நாலு. பம்பு தன் பங்குக்குத் தின்பதையும் சேர்த்து ஏழரை வாங்கினால் தாராளம். எழுபத்தைந்து என்பது ஒரு சின்ன ஊரையே ஊறப்போடுகிற மோட்டார்.

ராசாத்தாள் கண்ணாடியை மாட்டினார். "பழைய மோட்டாரு ஏழரைதானுங்களே?"

"அதனாலதானுங்க பொகஞ்சுபோச்சு."

"இன்னொருக்கா போடுங்க."

முதலாளி லிட்டரைக் குறைத்துப் போட்டார். எழுபத்தைந்து. உயரத்தைக் குறைத்துப் போட்டார். எழுபத்தைந்து. ராசாத்தாளின் முகம் தெளிந்தது. தப்புக் கணக்கென்றால் மாற்றி மாற்றி அல்லவா வரும், இது ஒரே பேச்சாக நிற்கிறதே என்றார்.

கிறிஸ்டோ வாயைத் திறந்தான். வாடிக்கையாளர் முன்னால் முதலாளிக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்த ஒருவனின் கல்யாண ஓலை எப்போது வாசிக்கப்படும் என்று ஒரு கணம் யோசித்தான். திறந்த வாயை ஒரு கொட்டாவியாக மாற்றி மூடிக்கொண்டான்.

"நம்மகிட்ட ரெடியாவே ஒண்ணு இருக்குதுங்க" என்றார் முதலாளி.

இருந்தது. குடோன் மூலையில், ஏதோ ஒரு மில்லுக்காகச் செய்து, மில்லே மூடிப்போனதால் யாரும் எடுக்காமல் போன எழுபத்தைந்து ஹெச்.பி. பம்பு செட். ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்துக்கொள்ளும். மற்ற நாட்களில் வாட்ச்மேன் தம்பிதுரையின் துண்டு அதன் மேல் காயும். முதலாளி அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் பரீட்சையில் பெயிலான மகனைப் பார்ப்பதுபோல் ஒரு பார்வை பார்ப்பார்.

பம்பு தேர்வுத் தாளில் கையெழுத்துப் போட வேண்டியவன் கிறிஸ்டோ. நாளைக்கு எழுபத்தைந்து குதிரையும் சேர்ந்து கிணற்றைக் குடித்து முடித்தால் மாட்டப்போவது அவன்தான். முதலாளியிடம் சொல்ல முடியாது. ராசாத்தாளே வேண்டாம் என்று சொல்லிவிட்டால்?

மறுநாள் போன் செய்தான். இவ்வளவு பெரிய மோட்டாருக்குத் தோட்டத்துக் கரண்ட் லைன் தாங்காதே என்று வருத்தப்பட்டான்.

"அதுக்கென்ன கண்ணு, நார் மில்லுக்கு வாங்குன லைன் சும்மாதான் கெடக்குது. நல்லவேளை ஞாபகப்படுத்துன" என்றார் ராசாத்தாள்.

சாயங்காலம் மறுபடி செய்தான். இந்த மோட்டார் போட்டால் கிணறு ஒரு டீ குடிக்கிற நேரத்தில் வற்றிப்போகும் என்றான். யோசித்துச் சொல்வதாக ராசாத்தாள் போனை வைத்தார். கிறிஸ்டோ மனதுக்குள் மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டான்.

வெள்ளிக்கிழமை காலையில் ராசாத்தாளே கூப்பிட்டார். பின்னணியில் பூமி பிளக்கிற சத்தம்.

"நீ சொன்னது சரிதாங் கண்ணு. கெணத்தைப் பெருசு பண்றதுக்கு ஜேசிபி கொண்டாந்துட்டேன். பக்கத்துத் தோப்புக்காரங்க எல்லாம் வேடிக்கை பாக்க வந்திருக்காங்க. இத்தன அக்கறையான பையன் எங்கியும் கெடைக்கமாட்டான்னு உங்க முதலாளிக்கும் போன் பண்ணிச் சொல்லிப்போட்டேன்."

கிறிஸ்டோ அப்புறமும் அடங்காமல், லாரி கிடைக்கவில்லை, டெலிவரிக்கு ஆறு மாதம் ஆகும் என்று ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டான்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ராசாத்தாள் தேங்காய் ஏற்றும் சொந்த லாரியோடு கம்பெனி வாசலில் நின்றார். முன் சீட்டில் இருந்து இறங்கியவர், "லாரிக்கு எதுக்கு கண்ணு கவலப்படறே" என்று இளநீர் ஒன்றை அவன் கையில் திணித்தார்.

இதற்கு மேல் முடியாது. கிறிஸ்டோ அவரை வேப்பமர நிழலுக்கு அழைத்துப்போய் உண்மையைச் சொல்லிவிட்டான். முதலாளி போட்டது தப்பு, இந்த மிஷின் வேறு மாதிரி. அவர் கண்ணெதிரேயே போட்டுக் காட்டினான். அஞ்சு, என்டர், அறுபது, பெருக்கல், எழுபத்தைந்து, வகுத்தல். நாலு.

ராசாத்தாள் கண்ணாடியை மாட்டி நாலைப் பார்த்தார். கிறிஸ்டோவைப் பார்த்தார்.

"இங்க குடு."

மூக்கு நுனியில் கண்ணாடியோடு நிதானமாக அமுக்கினார். அஞ்சு, பெருக்கல், அறுபது, வகுத்தல், எழுபத்தைந்து.

எழுபத்தைந்து.

"உங்க முதலாளி போட்டாலும் எழுபத்தஞ்சு, நான் போட்டாலும் எழுபத்தஞ்சு. நீ போட்டா மட்டும் நாலு" என்றார் ராசாத்தாள், இரக்கத்தோடு. "என்ன படிச்சிருக்கே கண்ணு?"

"பி.இ.ங்க."

"அதான் பாத்தேன்."

அவர் நேராக முதலாளி கேபினுக்குள் போனார். கிறிஸ்டோ வெளியே நின்று இளநீரை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு, அமிர்தநாதனுக்கு என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தான். 'மாமா, நான் கணக்கைச் சரியாகப் போட்டதால் வேலை போய்விட்டது.' எப்படிச் சொன்னாலும் நம்பும்படி இல்லை.

உள்ளே கூப்பிட்டார்கள்.

"பையன் தங்கமான பையனுங்க" என்றார் ராசாத்தாள் முதலாளியிடம். "கணக்குத்தான் வரமாட்டீங்குது. நாலோ எழுபத்தஞ்சோ, எனக்கு இந்த மோட்டாரே வேணுமுங்க. கெணறு தோண்டினதப் பாத்துட்டு அக்கம்பக்கத்துத் தோப்பு எல்லாம் பங்குக்கு வந்துட்டாங்க. எச்சா இருந்தா ஊருக்கே தண்ணி உட்டுப்போடறேன்."

முதலாளி கிறிஸ்டோவை ஏற இறங்கப் பார்த்தார்.

"நான் போட்ட கணக்கு தப்புன்னு அம்மாகிட்டச் சொன்னியா?"

"ஆமாங்க."

"போன் பண்ணி வேண்டாம்னும் சொல்லிப் பாத்தியா?"

"ஆமாங்க."

முதலாளி மேசை டிராயரைத் திறந்தார். ஒரு தாளை எடுத்து, தேதி போட்டு, கையெழுத்திட்டு நீட்டினார். பெர்மனென்ட் ஆர்டர். கிறிஸ்டோ அதைத் தலைகீழாகவும் ஒருமுறை படித்துப் பார்த்தான். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் பெர்மனென்ட்தான்.

"வியாபாரமே போனாலும் பரவால்லன்னு உள்ளதச் சொல்றதுக்கு ஒரு ஆளு கம்பெனிக்கு வேணும்" என்றார் முதலாளி. "கணக்கு அப்புறம் பழகிக்கலாம்."

லாரி எழுபத்தைந்து குதிரைகளையும் ஏற்றிக்கொண்டு ஆனைமலைக்குக் கிளம்பியது. கிறிஸ்டோ ஜெனிதாவுக்குப் போன் செய்தான். அவள் அப்பாவுக்குச் சொன்னாள். அப்பா, தாளின் போட்டோவை அனுப்பச் சொன்னார். முத்திரை தெளிவாக இல்லையென்று இன்னொரு போட்டோ கேட்டார். அப்புறம் பங்குச் சாமியாரின் நம்பரைத் தேடத் தொடங்கினார்.

மிதந்துகொண்டே கிறிஸ்டோ குடோன் பக்கம் போனான். மூலையில், செட் இருந்த இடத்தில் ஒரு நீளச்சதுரம் மட்டும் தூசியில்லாமல் பளிச்சென்று இருந்தது. ஈரத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே காயப்போடுவதென்று தெரியாமல் தம்பிதுரை நின்றார்.

"கவலைப்படாதீங்கண்ணா, கொடி கட்டிக்கலாம்" என்றான் கிறிஸ்டோ. சந்தோஷத்தில் அவனுக்கு உலகத்தின் மேலேயே இரக்கம் பொங்கியது. "நம்ம முதலாளியத்தான் நெனச்சா பாவமா இருக்குது. எவ்வளவு பெரிய மனசு, ஆனா என்டர்னு ஒரு பட்டன் இருக்கறதே அவருக்குத் தெரியலை. திங்கக்கிழம பக்குவமா சொல்லிக் குடுக்கலாம்னு இருக்கேன்." சொல்லிக்கொண்டே தோல் உறையிலிருந்து கால்குலேட்டரை எடுத்துக் காட்டினான்.

தம்பிதுரை அதை உற்றுப் பார்த்தார். பிறகு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, சாப்பாட்டுப் பைக்குள் கைவிட்டுத் துழாவி, அதே மாதிரி படுத்த வாக்கில் இன்னொன்றை எடுத்து அவன் கையில் வைத்தார்.

"இது முதலாளி காலேஜுல வெச்சிருந்ததுங்க தம்பி. ராப்பகலா அமுக்கி அந்த என்டர் பட்டன் மட்டும் குழியாப் போச்சுன்னு எனக்குக் குடுத்துப்போட்டாரு."