நெத்திலிக்குப்பத்தின் எட்டாவது மாடி

ஏழு கடல் தாண்ட வேண்டியதில்லை. மூன்றாவது கடலின் கரையிலேயே மகிழபுரி என்றொரு அரசு இருந்தது. அந்த நாட்டின் பணக்கார நகரம் எதுவென்று கேட்டால், பால் மணம் மாறாத பிள்ளைகூட நெத்திலிக்குப்பம் என்று சொல்லிவிடும். பெயரைக் கேட்டு நீங்கள் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். அங்கே நெத்திலி மணந்து ஒரு தலைமுறைக்கு மேல் ஆகிறது. கடற்கரைச் சாலையின் இருபுறமும் பளிங்கு மாளிகைகள். நாய்கள் குளிக்கத் தனித் துறை, நாய்களின் சொந்தக்காரர்கள் குளிக்க வேறொரு துறை. கடற்காற்றைக்கூட வாசலில் பன்னீர் தெளித்துத்தான் உள்ளே விடுவார்கள் என்று தலைநகரில் வதந்தி.

இதில் எனக்கு ஆச்சரியம் வேறு. அந்த ஊரில் எந்த மாளிகைக்குள் நுழைந்தாலும், கூடத்துச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு மீன்வலை தொங்கும். கையெழுத்துப் போடும்போது எல்லோரும் பெயருக்குப் பக்கத்தில் 'மீனவர்' என்று எழுதுவார்கள். வைர வியாபாரி அபரஞ்சிநாதர், மீனவர். ஓய்வுபெற்ற நீதிபதி, மீனவர். அவர் மனைவிக்கு அயிரை எது, அயிலை எது என்று தெரியாது. அவரும் மீனவர்தான். இது எப்படி நேர்ந்தது என்று துருவிக்கொண்டே போனேன். சரித்திரம் இப்படிப் போகிறது.

பழைய காலத்து ராஜா ஒருவர் கப்பல் உடைந்து அந்தக் குப்பத்தின் கரையில் ஒதுங்கினார். குப்பத்துச் சனங்கள் அவரை இழுத்துப் போட்டு, உலர்ந்த வேட்டி கொடுத்து, கருவாட்டுக் குழம்பும் சோறும் போட்டார்கள். ராஜா நெகிழ்ந்துபோனார். பசியும் ஒரு காரணமாக இருக்கலாம். அந்த இடத்திலேயே இரண்டு வரம் கொடுத்தார். மீனவர் வாழும்வரை அந்தக் குப்பத்துக்கு வரி கிடையாது என்பது ஒன்று. குப்பத்து மீனவரை அந்நிய நாடு பிடித்துக்கொண்டால் அரசின் படையே போய் மீட்டு வரும் என்பது மற்றொன்று.

முதல் வரம்தான் ஊரைக் கெடுத்தது. வரி இல்லாத மண் என்றால் கசக்குமா? இளைப்பு நோய்க்குக் கடற்காற்று நல்லது என்று நீதிபதி முதலில் வந்து ஒரு குடிசையை வாங்கினார். அவர் பின்னால் வைரம் வந்தது, வைரத்தின் பின்னால் வங்கி வந்தது. விற்றவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மகளுக்குக் கல்யாணம் வைத்தவனும் படகு உடைந்தவனும் விற்கத்தான் செய்வார்கள்.

தலைநகரத்து அதிகாரிகள் ஒரு நாள் வந்து, "இங்கே மீனவர் எங்கே?" என்று கேட்டார்கள். நகர சபை உடனே கூடி ஒரு சட்டம் போட்டது: எவர் வீட்டில் வலை இருக்கிறதோ அவரே மீனவர். அதிகாரிகளுக்கும் அது நியாயமாகப் பட்டது. பட்டதற்குக் காரணம் இருந்தது, அதை இங்கே சொல்ல வேண்டியதில்லை. அன்று முதல் வலை சுவரேறியது. தேர்தல் வந்தபோது ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. வலையைக் கிழக்குச் சுவரில் மாட்டுவதா, மேற்குச் சுவரில் மாட்டுவதா என்பதுதான் சண்டை. கிழக்குக் கட்சி வென்றது. அதன் தலைவர் அபரஞ்சிநாதர் 'தலைமை மீனவர்' ஆனார்.

அவருடைய முதல் ஆணை நாற்றத்தைப் பற்றியது. "மீன் நமது பெருமை. மீனின் நாற்றம் நமது பெருமைக்கு இழுக்கு" என்று பிரகடனம் செய்தார். மிச்சமிருந்த குப்பத்துக் குடும்பங்களை உப்பங்கழிக்கு அப்பால், சேற்றுப்புறம் என்ற இடத்துக்கு வண்டி வைத்து அனுப்பினார்கள். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியதாகச் சொல்வார்களே, அது அங்கே மேளதாளத்தோடு நடந்தது. சேற்றுப்புறத்தில் ஆள் படுக்கவே இடமில்லாததால் வலைகள் படகிலேயே கிடந்தன. வீட்டில் வலை இல்லாதவர் மீனவராக முடியாது. ஆகவே அவர்களுக்கு நகர சபை புதிதாக ஒரு பிரிவை உண்டாக்கியது. 'கடலில் காணப்படுவோர்' என்று அதற்குப் பெயர்.

காணப்படுவதும் பிறகு குற்றமாயிற்று. மாலையில் மாடத்தில் அமர்ந்து தேநீர் அருந்துகிறவர்களுக்கு அழுக்குப் பாய்களும் பழம்படகுகளும் கண்ணில் உறுத்தின. அபரஞ்சிநாதர் இரண்டாவது ஆணையை இட்டார்: நகரத்தின் மிக உயரமான மாடத்திலிருந்து கண்ணுக்கு எட்டும் கடல் முழுவதும் நகரத்தின் காட்சிச் சொத்து. அதற்குள் 'காணப்படுவோர்' காணப்படக் கூடாது.

அப்போது ஊரில் மூன்று மாடிக்கு மேல் வீடில்லை. சேற்றுப்புறத்துக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே கொஞ்சம் தள்ளிப் போய் வலை வீசினார்கள். ஆனால் உயர ஏற ஏறக் கடல் கூடுதலாகத் தெரியும் என்பதை நெத்திலிக்குப்பம் அப்போதுதான் கண்டுபிடித்தது. ஒருவர் நாலாவது மாடி எழுப்பினால் அடுத்தவருக்கு ஐந்தாவது மாடி இல்லாமல் தூக்கம் வரவில்லை. ஒவ்வொரு மாடிக்கும் கடலின் எல்லை இன்னும் அப்பால் நகர்ந்தது. மீன் இருக்கும் இடம் கரைப்பக்கம், மீன் பிடிக்க அனுமதித்த இடம் தொலைதூரம். ஆறாவது மாடி வந்தபோது, போகவர ஆகும் கட்டுச்சோற்றுச் செலவுக்குக்கூடக் கிடைத்த மீன் கட்டவில்லை. அதற்கும் அப்பால் போனால் எதிர்க்கரை நாட்டின் கடல்.

அபரஞ்சிநாதர் தம் மாளிகையில் ஏழாவது மாடி கட்டப்போகிறார் என்ற செய்தி சேற்றுப்புறத்துக்கு வந்தது. அன்று காலையில் ஏகவல்லி என்ற பெண் நகர சபைக்குப் போனாள். அவள் புருசன் பெயர் பாளையம். அவனுக்கு ஒரு படகு இருந்தது. அந்தப் படகுதான் ஐந்து வயிற்றுக்குச் சோறு. சபைச் செயலர் குலசேகரனார் அவளை ஜன்னலுக்கு வெளியே நிற்க வைத்து விசாரித்தார்.

"வந்த நோக்கம்?"

"ஐயா, ஏழாவது மாடிய கட்டாதீங்க. கட்டுனா எங்க ஆளுங்க எதிர்க்கரைக்காரன் கடலுக்குள்ள போவ வேண்டியிருக்கும். அவன் சும்மா வுடுவானா? புடிச்சிக்கினு பூடுவான்."

"அம்மையே, மாடி என்பது கட்டடக்கலை. எல்லை என்பது வெளியுறவு. இரண்டும் வெவ்வேறு துறைகள்."

"தொறை எதுவா இருந்தா இன்னா ஐயா? கடலு ஒண்ணுதான? கட்டிக்கிங்க, நான் வோணாம்னு சொல்லல. இந்தப் பக்கம் ஒரு மூலைய மட்டும் எங்களுக்கு வுட்டுடுங்க. நீங்க பாக்கும்போது நாங்க வேணும்னா குனிஞ்சிக்கிறோம்."

குலசேகரனார் சிந்தித்தார். குனிந்துகொள்வது என்ற யோசனை அவருக்குப் பிடித்திருந்தது. ஆனால் படகு குனியாதே. "மனு பரிவுடன் பரிசீலிக்கப்பட்டு நிராகரிக்கப்படுகிறது" என்று சொல்லி ஜன்னலைச் சாத்தினார். ராஜா வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே.

ஏழாவது மாடி எழுந்தது. கிரகப்பிரவேசத்துக்குத் தலைநகரிலிருந்து பனிக்கட்டியில் மீன் வந்தது. முள்ளும் தலையும் நீக்கிய மீன். அந்த வாரமே பாளையமும் சேற்றுப்புறத்து ஆண்கள் வேறு சிலரும் எதிர்க்கரைக் காவல் கப்பலில் அகப்பட்டார்கள். படகுகளைப் பறித்துக்கொண்டு ஆட்களைச் சிறையில் அடைத்தார்கள். எதிர்க்கரை நீதிமன்றம் விசாரணையை நீட்டவில்லை. படகில் மீன் இருந்தது, ஆகவே இவர்கள் மீனவர்கள்; எங்கள் கடலில் பிடித்தார்கள், ஆகவே குற்றவாளிகள் என்றது. மகிழபுரி அரசு தன் மீனவர் என்று உரிமை கோரினால் விட்டுவிடுவோம் என்றும் தீர்ப்பில் சேர்த்தது.

தலைநகரில் ராஜா கொதித்து எழுந்தார். முன்னோர் கொடுத்த வரம் ஆயிற்றே! போர்க்கப்பல்களில் பாய் ஏற்றச் சொன்னார். முறைப்படி கேட்க வேண்டும் என்பதற்காக, 'உங்கள் மீனவரில் யாரையாவது காணோமா?' என்று நெத்திலிக்குப்பத்துக்கு ஆள் அனுப்பினார். அபரஞ்சிநாதர் மணி அடித்து ஊரைக் கூட்டினார். வைரம் இருந்தது, வங்கி இருந்தது, நீதிபதியும் அவர் மனைவியும் இருந்தார்கள். எல்லா மீனவரும் நலம், ஒருவரும் காணாமல் போகவில்லை என்று பதில் போயிற்று. ராஜா நிம்மதியாகப் பாய்களை இறக்கினார்.

ஏகவல்லி இந்த முறை ஜன்னலருகே நிற்கவில்லை. தலைமை மீனவரின் வண்டியையே மறித்தாள்.

"ஒரு வார்த்த ஐயா! எங்க ஆளுதான்னு ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க. இன்னிக்கே வுட்டுடுவான். உங்க வாயிலேர்ந்து வந்தா முத்தா உதிர்ந்துடும்?"

அபரஞ்சிநாதர் கெட்ட மனிதர் அல்ல. வண்டியை நிறுத்திப் பொறுமையாக விளக்கினார். "பெண்ணே, யோசித்துப் பார். உன் கணவன் மீனவன் என்று நான் ஒப்புக்கொண்டால், மீனவர் சேற்றுப்புறத்தில் வாழ்கிறார்கள் என்று ஆகும். அப்படியானால் வரிவிலக்கு சேற்றுப்புறத்துக்குப் போய்விடும். இத்தனை மாளிகைகள் தெருவுக்கு வரும். ஒருவனுக்காக ஓர் ஊரைக் கெடுக்கச் சொல்கிறாயா?"

"ஊரு எங்களுதுதான ஐயா?" என்றாள் அவள். வண்டி போய்விட்டது.

விஷயம் இத்துடன் முடிந்திருக்கும். ஆனால் மேற்குக் கட்சி, அடுத்த தேர்தலில் வென்றால் எட்டாவது மாடி என்று அறிவித்துவிட்டது. முந்திக்கொள்ள வேண்டுமே என்று அபரஞ்சிநாதர் தம் வீட்டின்மேலேயே எட்டாவது மாடியை எழுப்பினார். மாடத்துத் திரையை விலக்கினால், கடல் தீர்ந்துபோய் எதிர்க்கரையே தெரிந்தது. அந்தக் கரையில் முன்னால் நின்றது சிறைச்சாலை. அதன் முற்றத்தில் அழுக்குத் துணியோடு ஆட்கள் உட்கார்ந்து, அந்த நாட்டுக்காரர்களின் வலையைப் பின்னிக்கொண்டிருந்தார்கள். தேநீர் அருந்த வந்த சீமாட்டிகள் கோப்பையை வைத்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

எங்கள் காட்சிச் சொத்தில் காணப்படுவோரை உடனே அப்புறப்படுத்த வேண்டும் என்று எதிர்க்கரைக்கு ஓலை போனது. அவர்களுக்கு ஒரே குழப்பம். உங்கள் ஆட்கள் என்று சொல்லுங்கள், அடுத்த கப்பலில் ஏற்றி அனுப்புகிறோம்; உங்கள் ஆட்கள் இல்லையென்றால் எங்கள் சிறையில் யார் உட்கார வேண்டும் என்று நீங்கள் எப்படிச் சொல்லலாம் என்று பதில் எழுதினார்கள்.

நகர சபையில் அப்படியொரு விவாதம் அதற்கு முன் நடந்ததில்லை என்கிறார்கள். காட்சி வேண்டுமென்றால் அவர்களை மீனவர் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டால் வரி வரும். சேற்றுப்புறத்தில் செய்தி பரவியது. இவ்வளவு அழகை நேசிக்கிறவர்கள், அழகுக்காகவாவது அந்த வார்த்தையைச் சொல்லிவிடுவார்கள் என்று ஏகவல்லி உறுதியாக நம்பினாள். பாளையம் வந்தால் போட்டுக்கொள்ள வேட்டியைத் துவைத்து மடித்துக்கூட வைத்திருந்தாள்.

மூன்றாம் நாள் தீர்மானம் வந்தது. எட்டாவது மாடியை இடித்துவிடுவது.

நெத்திலிக்குப்பத்தின் சரித்திரத்தில் அது ஒன்றுதான் தியாகம். ஊரே கைதட்டியது. பொதுநலத்துக்காகத் தம் மாடியையே இடித்துக்கொண்ட பெருந்தகை என்று ராஜா பட்டயம் அனுப்பினார். கட்டும்போது வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவந்தவர்கள், இடிக்கச் சேற்றுப்புறத்துப் பெண்களை அழைத்தார்கள். கூலி குறைவு, வேலையும் நாறாது.

ஏகவல்லி கூடையோடு ஏறினாள். ஏழு மாடியும் கண்ணாடிச் சட்டத்து வலைகளைத் தாண்டி ஏறி, உச்சியில் பாதி இடிந்த சுவரருகே வந்து நின்றாள். கடலுக்கு அந்தப் பக்கம், பூச்சி பூச்சியாக ஆட்கள். அதில் ஒருத்தன் இடத்தோளைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான். முகம் தெரியவில்லை. இருபது வருசம் கூடக் குடித்தனம் செய்தவளுக்கு முகம் தேவைப்படவில்லை. கூடையைக் கீழே வைத்துவிட்டு அவள் அழுதாள்.

"ஏம்மா, அங்கே என்ன பார்வை? வேலை ஆகட்டும்! சாயங்காலத்துக்குள் இந்த மாடி இருக்கக் கூடாது என்பது உத்தரவு" என்று கீழேயிருந்து குலசேகரனார் கத்தினார்.

ஏகவல்லி திரும்பவில்லை. பக்கத்தில் கடப்பாரையை ஓங்கி நின்றவளின் கையை மட்டும் எட்டிப் பிடித்தாள்.

"மெதுவா இடிடீ," என்றாள். "கொஞ்சம் மெதுவா இடி."