மேற்படியின் நியாய விலை

உலகில் எல்லாவற்றுக்கும் ஒரு நியாயமான விலை உண்டு. அதைக் கண்டறியும் மேதைமைதான் யுகத்துக்கு ஒருவருக்கு வாய்க்கிறது. இந்த யுகத்துக்கு வாய்த்தவர், எடை இயந்திரங்கள் விற்கும் ஒரு கம்பெனியின் கிளை மேலாளர். பகலெல்லாம் தராசுகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பவருக்கு நியாயம் தானாகவே வந்து ஒட்டிக்கொள்ளும் அல்லவா? அவருடைய அறையில் மட்டும் எடை இயந்திரம் கிடையாது. போன வருடம் ஒன்றில் ஏறிப் பார்த்தவர், 'இயந்திரம் பழுது' என்று எழுதிக் கிடங்குக்கு அனுப்பிவிட்டார்.

இப்படித்தான் தலைமை எழுத்தர் நம்பினாள். அலுவலகத்தில் அவளுக்கு 'ஃபைல் அக்கா' என்று பெயர். இருபத்தாறு வருடமாக அங்கே வேலை. மேலாளர்கள் ஐந்து பேரைப் பார்த்தாயிற்று. ஐந்து பேரையும் நம்பியாயிற்று. நம்பிக்கை என்பது அவளுக்கு ஒரு பழக்கம், மதியம் சாப்பிட்டதும் டிபன் டப்பாவைக் கழுவி வைப்பதைப்போல.

அந்த வாரம் மேலாளரின் நியாய உணர்வுக்கு இரண்டு சோதனைகள் ஒரே நேரத்தில் வந்தன. ஒன்று, சிவப்பு நிறத்தில் இரண்டே இருக்கைகள் கொண்ட ஒரு ஸ்போர்ட்ஸ் கார். இன்னொன்று, ஃபைல் அக்கா.

ஃபைல் அக்காவுக்கு ஐம்பத்தைந்து முடிகிறது. மேலாளர் பரிந்துரைத்தால் தலைமை அலுவலகம் ஐந்து வருட நீட்டிப்பு தரும். இல்லையென்றால் அடுத்த மாதம் ஒரு சால்வை தரும். மகள் கல்லூரியில் இரண்டாம் வருடம். சால்வையை வைத்துக் கல்லூரிக் கட்டணம் கட்ட முடியுமா என்று அவள் யாரிடமும் கேட்கவில்லை. எந்த விண்ணப்பத்திலும் அதற்கென்று இடம் விட்டிருக்கவில்லை.

காரை விற்பவர் ஒரு பல் டாக்டர். அலுவலகத்து வாகன நிறுத்தத்துக்கே கொண்டுவந்து காட்டினார். மேலாளர் ஒரு மெக்கானிக்கை வரவழைத்திருந்தார். குறிப்பெடுக்க ஃபைல் அக்காவையும் கூப்பிட்டிருந்தார்.

"எவ்வளவு ஓடியிருக்கு?" என்றார் மெக்கானிக்.

"ரெண்டு லட்சத்து நாப்பதாயிரம் கிலோமீட்டர்" என்றார் பல் டாக்டர், 'வலிக்கவே வலிக்காது' என்று சொல்லும் அதே குரலில்.

மெக்கானிக் முன்மூடியைத் திறந்தார். எண்ணெய் அளக்கும் குச்சியை உருவி முகர்ந்து பார்த்தார். சர்வீஸ் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை புரட்டினார்.

"கிளட்ச்?"

"போன வருஷம் மாத்தினது."

"டைமிங் பெல்ட்?"

"அதுவும்தான்."

"ஒரே கை வண்டி. நல்லா பார்த்திருக்கீங்க. ஓடினது பிரச்சனையே இல்ல சார். ஓடாம நிறுத்தி வச்சாதான் வண்டி கெடும்."

மேலாளரின் கண்கள் பனித்தன. "எழுதுங்கம்மா, எழுதுங்க. ஓடினது பிரச்சனையே இல்ல!"

"ஆனா" என்றார் மெக்கானிக், "கேக்குற விலை ஜாஸ்தி. பாதி கொடுங்க, அதான் நியாயம். ரெண்டு வருஷத்துல எஞ்சினைப் பிரிக்க வேண்டிவரும். மீதியை அதுக்கு எடுத்து வச்சுக்கணும்."

"அதை எழுத வேணாம்மா" என்றார் மேலாளர். பிறகு மெக்கானிக்கின் தோளில் கை வைத்து, "தம்பி, இந்த மாதிரி வண்டியில நியாயத்தை விலையில பார்க்கக் கூடாது. வளைவுல பார்க்கணும்" என்று விளக்கினார்.

கேட்கும் விலை மேலாளருக்கு இருபது மாதச் சம்பளம். ஃபைல் அக்கா மனதுக்குள் கணக்குப் போட்டாள். அவளுக்கு ஏழு வருடச் சம்பளம். ஏனோ அதன் பிறகு அவள் கதவில் கை படாமல் ஓர் அடி தள்ளி நின்றுகொண்டாள்.

மேலாளர் உள்ளே உட்கார்ந்து பார்த்தார். உட்கார்வது சுலபமாகத்தான் இருந்தது. எழுந்திருக்கத்தான் முடியவில்லை. மெக்கானிக் ஒரு கையையும் பல் டாக்டர் ஒரு கையையும் பிடித்து இழுத்தார்கள். பிடுங்குவதில் டாக்டருக்கு அனுபவம் இருந்ததால் மூன்றாவது இழுப்பில் மேலாளர் வந்துவிட்டார்.

"பார்த்தீங்களா, என்னை விடவே மாட்டேங்குது!" என்றார் மூச்சு வாங்கியபடி.

ஒரே ஒரு தடை. மேலாளரின் மனைவி வங்கியில் அதிகாரி. சேமிப்புக் கணக்கு இருவர் பெயரிலும் இருந்தது. ஒலிபெருக்கியைத் திறந்துவிட்டுத்தான் மேலாளர் எப்போதும் போன் பேசுவார், ஆகையால் அந்த உரையாடல் அலுவலகத்துக்கே தெரியும்.

"ரெண்டு லட்சத்து நாப்பதாயிரமா? அது ஓடின தூரமா, ஓட்டைகளோட எண்ணிக்கையா?"

"உனக்கு வண்டியைப் பத்தி என்ன தெரியும்?"

"நடக்குற மெஷின் வாங்கினப்பவும் இதையேதான் சொன்னீங்க. இப்ப அதுல துண்டு காயுது. வாயால சொல்றதெல்லாம் வேணாம். அது என்ன நிலைமையில இருக்கு, என்ன மதிப்புன்னு எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. படிச்சுட்டு நான் போடுறேன்."

எழுதிக் கேட்டால் அஞ்சுகிற கம்பெனியா அது? அவர்களிடம் மதிப்பீட்டுப் படிவம் இருந்தது. மனித அறிவு இதுவரை எட்டிய உச்சங்களில் அதுவும் ஒன்று. பெயரைப் பார்த்து மதிப்பிட்டால் பாரபட்சம் வரும் என்பதால் உள்ளே எங்கும் பெயர் கிடையாது. 'மேற்படி' என்று மட்டுமே எழுத வேண்டும். உறையின் மேல்தான் எண்ணோ முகவரியோ வரும். போன வருடம் இன்னொரு சுற்றறிக்கையும் வந்தது. 'வந்தார்' என்பதும் 'வந்தது' என்பதும் வேறுபாடு காட்டும் சொற்களாம். ஆகவே வினைமுற்றுகள் ஒழிக்கப்பட்டு, எல்லாம் 'வருகை உண்டு' என்ற சமத்துவ நடைக்கு மாறியிருந்தன. ஆள், மேசை, மின்விசிறி எல்லோரும், அல்லது எல்லாமும், அந்தப் படிவத்தில் ஒரே நிறை.

அந்தப் படிவத்தை நிரப்பத் தெரிந்தவள் அங்கே ஃபைல் அக்கா ஒருத்திதான். அதனால் மேலாளர் இரண்டையும் அவளிடமே சொல்லி எழுதவைத்தார்.

முதலில் கார். அறைக்குள் நடந்தபடி, ஜன்னல் வழியாகக் கீழே நிற்கும் சிவப்பைப் பார்த்தபடி சொன்னார்.

'மேற்படி. இதுவரை: 2,40,000. வெளியே சிறு கீறல்கள், உள்ளே உறுதி. மேடேறும்போதும் முனகல் இல்லை. ஒரே கையில் இருந்ததால் ஒழுங்கு. நீண்ட ஓட்டம் குறையல்ல, தகுதி. நிறுத்திவைப்பதே கேடு, ஓடவிடுவதே நலம். வெயில் ஆகாது, நிழல் அவசியம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றம் போதும். எந்த விலை கொடுத்தும் கைவிடக் கூடாத சொத்து.'

சொல்லி முடித்ததும் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, நகத்தைப் பார்த்தபடி அடுத்ததைச் சொன்னார்.

'மேற்படி. இதுவரை: 26 ஆண்டுகள். காலையில் சூடேறத் தாமதம். மேலேறும்போது இரைப்பு. கேள்வி கேட்டால் சத்தம் அதிகம். தோற்றத்தில் மங்கல். பராமரிப்புச் செலவு ஆண்டுக்காண்டு உயர்வு. இதே செலவில் இளசாக ஒன்று கிடைக்கும் வாய்ப்பு. பரிந்துரை: ஏதாவது சில்லறை கொடுத்து, மனம் நோகாமல் அனுப்பிவைப்பு.'

"இது தலைமை அலுவலகத்துக்கும்மா. உறை மேல நானூத்திப் பதினேழுன்னு போடுங்க."

"அது என் நம்பர் சார்."

மேலாளர் கொஞ்சம் யோசித்தார். "எல்லாருக்கும் ஒரு நம்பர் இருக்கத்தானே செய்யுது? இதோ பாருங்க, பெயர் உள்ள இல்ல. மேற்படி யாருன்னு உங்களுக்குத் தெரியாது. ரகசியம். சரியா?"

"தெரியாது சார்."

தன் மேசைக்கு வந்து இரண்டையும் அச்செடுத்தாள். அருகருகே வைத்துப் படித்தாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள்; வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு கூச்சம் வந்தது, அடுத்தவர் வீட்டுக் கண்ணாடியில் தன்னைப் பார்த்துவிட்டதைப்போல. காலையில் மூன்றாம் மாடிக்கு ஏறும்போது இரைப்பது உண்மை. லிஃப்டைப் பற்றி நான்கு முறை எழுதிக் கொடுத்தவளும் அவளே. 'சத்தம் அதிகம்' என்பது அதுதான் போலிருக்கிறது. பிறகு முதல் தாளை மறுபடி எடுத்தாள். வெளியே சிறு கீறல்கள், உள்ளே உறுதி. நிறுத்திவைப்பதே கேடு. இருபத்தாறு வருடத்தில் ஒருவரும் அவளைப் பற்றி இப்படி ஒரு வரி சொன்னதில்லை. ஆனால் தன்னைப் பற்றி அவள் எப்போதாவது எழுதியிருந்தால் இதைத்தான் எழுதியிருப்பாள். ஓர் எழுத்துகூட மாற்ற வேண்டியிருக்காது. அந்த எண்ணம்தான் அவளை வெகுநேரம் அப்படியே உட்காரவைத்தது.

மேலாளர் இரண்டு தாள்களிலும் படிக்காமல் கையெழுத்திட்டார். கார் சாவி போன்ற ஒன்றை விரலில் சுழற்றும் பயிற்சியில் அப்போது இருந்தார்.

ஃபைல் அக்கா தாள்களை மடித்து உறைகளில் வைத்து ஒட்டினாள். இத்தனை வருடத்தில் எந்தத் தாளையும் அவள் தவறான உறையில் வைத்ததில்லை. அன்றும் வைக்கவில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறாள்.

நான்காம் நாள் காலை தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. மேலாளர் சத்தமாகவே படிக்க ஆரம்பித்தார்.

"'பணி எண் 417. இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் கோப்புகள் என்பது நம் நிறுவன வரலாற்றில் சாதனை. ஐந்தாண்டு நீட்டிப்பு உடனே வழங்கப்படுகிறது. வெயில் ஆகாது என்ற தங்கள் கருணை மிகுந்த பரிந்துரையை ஏற்று, இருக்கையைக் குளிரூட்டிக்கு அருகே மாற்றவும். எண்ணெய் மாற்றம் குறித்து மட்டும் விளக்கம் தேவை.'" அவர் குரல் போகப் போக இறங்கியது. "இது... என்னம்மா இது?"

"உத்தரவு சார்."

"எண்ணெய்னு எதைக் கேக்குறாங்க?"

"தலைக்குன்னு எழுதிடலாமா சார்?"

அவர் வாயைத் திறப்பதற்குள் போன் அடித்தது. பழக்கதோஷத்தில் ஒலிபெருக்கியை அழுத்திவிட்டார்.

"நீங்க அனுப்பினது வந்துச்சு" என்றது மனைவியின் குரல். வங்கியில் கடன் கட்டாதவர்களிடம் பேசும் நிதானமான குரல். "ரெண்டு தடவை படிச்சேன். சூடேறத் தாமதம், இரைப்பு, மங்கல். நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க. இதுக்கா இருபது மாசச் சம்பளம்?"

"ஐயோ, அது வண்டியைப் பத்தி இல்லம்மா! வண்டியைப் பத்தி நான் ரொம்ப உயர்வா எழுதினேன். இது ஒரு பொம்பளையைப் பத்தி எழுதினது!"

அலுவலகத்தில் தட்டச்சு ஓசைகள் நின்றன.

"பொம்பளையைப் பத்தியா?"

"ஆமாம்மா!"

"இருபத்தாறு வருஷம்னு போட்டிருக்கு."

"ஆமா, அதேதான்!"

"கேள்வி கேட்டா சத்தம். பராமரிப்புச் செலவு. இதே செலவுல இளசா ஒண்ணு." தாளைத் திருப்பும் ஓசை கேட்டது. "ரெண்டே சீட்டு வச்ச வண்டி எதுக்குன்னு இப்பதான் புரியுது. ஏங்க, நமக்குக் கல்யாணமாகி எத்தனை வருஷம்?"

எதற்கும் விலை சொல்லத் தெரிந்த அந்த மேதை, இருபத்தாறு என்ற இந்த எண்ணை மட்டும் விழுங்கிவிட்டார். போனைக் கையால் பொத்திக்கொண்டு, வியர்வை வழிய ஃபைல் அக்கா பக்கம் திரும்பினார்.

"நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா! உங்களைப் பத்தி எழுதினதுன்னு, உங்க வாயாலயே சொல்லுங்க!"

ஃபைல் அக்கா தன் நாற்காலியைக் குளிரூட்டிக்கு அருகே நகர்த்திக்கொண்டிருந்தாள். போனுக்கும் கேட்கும்படி, ஆனால் மிகுந்த மரியாதையோடு சொன்னாள்:

"மேற்படி யாருன்னு எனக்கு எப்படி சார் தெரியும்? ரகசியமாச்சே."