மூணாவது கை

என் பொண்டாட்டியைப் பெரம்பலூருக்குத் திரும்ப வரவச்சே தீர்றதுன்னு அன்னிக்கு முடிவெடுத்தேன். வான்னு ஒரு வார்த்தை சொன்னா வேலை முடிஞ்சிருக்கும். அது நம்ம வாயில வருமா? கல்யாணம் ஆன நாள்லேருந்து அவகிட்ட நான் எதுக்கும் கெஞ்சுனதில்லை. அப்படித்தான் ஊர்ல சொல்லி வச்சிருக்கேன்.

சுமதி எங்க மக லாவண்யா பிரசவத்துக்குச் சென்னை போனவ. பேத்தி குப்புறவே விழுந்தாச்சு, இவ இன்னும் அங்கேயே இருக்கா. இங்க வூட்ல நானும் ஃபேனும்தான். டிவியில செய்தி வாசிக்கிற பொண்ணு வணக்கம் சொன்னா நானும் பதிலுக்குச் சொல்றேன். சொல்லாம இருந்தா மனசு கேக்கறதில்லை.

அவ போறதுக்கு முன்னாடி டாக்டர் எனக்குத் தலையை ஸ்கேன் எடுத்தாரு.

"பிரஷரைக் கண்டுக்காம விட்டதுல மூளையில இருக்கற பொடிப்பொடி ரத்தக் குழாயெல்லாம் கெட்டுப்போயிருக்கு. இன்னும் விட்டா மறதி வரும், நடை தள்ளாடும்."

"மறதி வந்து ரொம்ப நாளாச்சுங்க சார்"ன்னா சுமதி.

அப்புறம் சிறுவாச்சூர் கூட்டிட்டுப் போய், காளியம்மனை வேண்டி, என் வலது கையில சிவப்புக் கயிறு கட்டுனா. பிரஷர் பாக்கற மிஷினையும் வாங்கி வச்சுட்டு பஸ் ஏறுனா. தினம் காலையில வீடியோ கால்ல பார்த்துக் காட்டணும். ஏறுச்சுன்னா உடனே வந்துடுவேன்னா.

எங்க ஏறுது? மாத்திரையும் உப்பில்லாத மோர்சாதமும் அதை அடக்கி உட்கார வச்சிருச்சு. ஊறுகா பாட்டிலைத் திறந்தேன். ஸ்கேன் படம் கண்ணு முன்னால வந்துச்சு, மூடிட்டேன்.

அப்பத்தான் பக்கத்து வூட்டு இளையபெருமாள் கண்ல பட்டாரு. கருவாடு இல்லாம சோத்துல கை வைக்காத மனுசன். ஆஸ்பத்திரி வாசலை மிதிச்சதே இல்லைன்னு அவருக்கு ஒரு கர்வம் உண்டு. கூப்பிட்டு மிஷினை மாட்டிப் பார்த்தேன். நூத்தித் தொண்ணூறு.

"மிஷின் ரிப்பேர்ணே"ன்னாரு.

"ரிப்பேராவே இருக்கட்டும். நாளைக்குக் காலையில கையை மட்டும் குடுங்க."

மறுநாள் இடது கையில போனைப் பிடிச்சு, மேசையை மட்டும் காட்டினேன். இளையபெருமாள் சத்தமில்லாம கையை நீட்டுனாரு. நான் பட்டனை அமுக்கினேன். முந்தின நாளைவிட ஏறியே இருந்துச்சு.

"சுமதி, தலை சுத்துதுடி. எவ்வளவு ஏறியிருக்குன்னு நீயே பாரு."

"அது இருக்கட்டும். நான் கட்டுன கயிறு எங்க?"

"குளிக்கறப்ப அறுந்துடுச்சு."

"அப்ப பட்டனை அமுக்குன கையில இருக்கறது என்னங்க?"

குனிஞ்சு பார்த்தேன். செவசெவன்னு இருக்கு. அப்படி ஒண்ணு கையில இருக்கறதே மறந்துபோச்சு. நெசமாவே மறந்துபோச்சு.

"மிஷின் மாட்டியிருக்கறது வலது கை. பட்டனை அமுக்குனதும் வலது கை. எனக்குத் தெரிஞ்சு உங்களுக்கு வலது கை ஒண்ணுதான்."

இளையபெருமாள் இருமிட்டாரு.

"அண்ணனா அது? அசையாம அப்படியே உட்காருங்கண்ணே. ஜானகிக்குப் போன் பண்றேன்."

ஜானகி அவரு பொண்டாட்டி. ஈரக்கையோட ஓடி வந்து, புருசனை ஆட்டோவில ஏத்திட்டுப் போயிடுச்சு. ஸ்கேன் எடுத்தா, எனக்குக் கெட்டிருந்த அதே பொடிக் குழாய்ங்க அவருக்கு இன்னும் மோசமா கெட்டிருக்கு. "இப்பவாவது வந்தீங்களே"ன்னாராம் டாக்டர்.

சுமதி அடுத்த நாளே வந்துட்டா. நான் சவரம் பண்ணி, வெள்ளைச் சட்டை போட்டு வாசல்ல நின்னேன். அவ பஸ் ஸ்டாண்டுலேருந்து நேரா ஆஸ்பத்திரிக்குப் போய் இளையபெருமாளைப் பார்த்துட்டுத்தான் வூட்டுக்கே வந்தா. சோறு ஆக்கி வச்சா. மறுபடியும் பையைத் தூக்குனா.

"போகாதடி. நீ இல்லாம இந்த வூட்ல இருக்க முடியல."

அவ கண்ணைத் துடைச்சுக்கிட்டா. "இதை முன்னாடியே சொல்லியிருந்தா வந்திருப்பேன்ல. இப்ப லாவண்யாவுக்கு லீவு முடிஞ்சுபோச்சு. பிள்ளையை யார் பாக்கறது?"

போறப்ப மிஷினையும் கையோட எடுத்துக்கிட்டா.

"இது ஜானகி வூட்ல இருக்கட்டும். ரெண்டு பேரும் அங்க போய்க் காட்டுங்க. எது யார் கைன்னு அவ சொல்லுவா."

இப்பல்லாம் வீடியோ கால் ஜானகி போனுக்குத்தான் வருது. முதல்ல இளையபெருமாள் கை. என் முறை வர்றதுக்குள்ள பேத்தி அழுதுடுறா, சுமதி போனை வச்சுடுறா.