கடைசிச் சுமைதாங்கிக்கு அப்பால்

நான் ஒரு முட்டாள் என்பது எனக்கு இருபத்துமூன்றாவது வயதில்தான் தெரிய வந்தது. பூதப்பாண்டிக்காரர்களுக்கு அது வெகு முன்னதாகவே தெரியும். பெருந்தன்மையால் சொல்லாமல் இருந்திருக்கிறார்கள். (என் அக்கா ஞானம்மா மட்டும் அடிக்கடி சொல்லுவாள். கூடப்பிறந்தவர்களுக்கு அந்தப் பெருந்தன்மையெல்லாம் கிடையாது.)

முப்பதுகளின் தொடக்கம் அது. நாங்கள் திருவிதாங்கூர் மகாராஜாவின் பிரஜைகள். நான் ஆரம்பப் பள்ளியில் வாத்தியார். கீரிப்பாறைக்கும் மேலே ஒரு மலைத்தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவரின் மகள் நேசபாயை எனக்குப் பேசி முடித்திருந்தார்கள்.

எங்கள் கிறிஸ்தவ சபை வழக்கப்படி கல்யாணத்துக்கு முன்னால் தொடர்ந்து மூன்று ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஊர்க் கோயில்களிலும் அறிக்கை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நிச்சயித்திருக்கிறது, தடை ஏதும் உண்டென்று அறிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்பதுதான் அறிக்கை. எங்கள் போதகர் ஐயா எழுதித் தரும் கடிதம் மலைக் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தால்தான் அங்கே வாசிப்பார்கள். நான் சொல்லும் நாள் ஒரு சனிக்கிழமை. மறுநாள் முதல் வாசிப்பு நடந்தே ஆக வேண்டும். ஒரு வாரம் தவறினால் கல்யாணம், வைகாசி நடுவில் தொடங்கும் இடவப்பாதி மழையில் போய் விழும். மழை பிடித்தால் மலைப்பாதை அடைபட்டுவிடும். பிறகு ஆவணியில்தான் பேச்சு. அதற்குள் என்னவும் நடக்கலாம். மலேயாவில் வேலை பார்க்கும் யாரோ ஒரு பையனின் போட்டோவைப் பெண்ணின் அப்பா இன்னும் திருப்பி அனுப்பவில்லை என்று வேறு கேள்விப்பட்டிருந்தேன்.

வழக்கமாக இப்படிப்பட்ட கடிதங்கள் திருவிதாங்கூர் சர்க்காரின் தபாலான அஞ்சலில்தான் போகும். பூதப்பாண்டி அஞ்சலாபீசிலிருந்து அஞ்சலோட்டக்காரர் வேலப்பன் பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, மணி கட்டிய கோலைக் குத்திக் குத்தி மலைவரைக்கும் ஓடுவார். அந்த மணிச்சத்தம் கேட்டால் மாட்டுவண்டி முதல் மாஜிஸ்திரேட்டு வரை எல்லாரும் ஒதுங்கி வழி விட வேண்டும். ஆனால் எனக்கு அஞ்சல் பிடிக்கவில்லை. ஏனென்றால் மூன்று வாரத்துக்கு முன்தான் நாகர்கோவிலில் ஒரு பழைய சைக்கிள் வாங்கியிருந்தேன். அதில் ஏறி, கோட்டுப் போட்டுக்கொண்டு, மணியடித்தபடி நேசபாயின் வீட்டு வாசலில் போய் இறங்குவதை ராத்திரியும் பகலும் நினைத்துப் பார்த்துவிட்டேன்.

இங்கே ஒரு சின்ன விஷயத்தைச் சொல்ல வேண்டும். எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியும். இறங்கவும் தெரியும் (விழுந்தால் போதும்). ஏறத்தான் தெரியாது. சாலையோரத்தில் தலைச்சுமைக்காரர்கள் பாரத்தை இறக்கி வைக்கும் சுமைதாங்கிக் கல் இருக்குமே, அதன்மேல் வண்டியைச் சாய்த்து, கல்லைப் பிடித்து ஏறி உட்கார்ந்து, கல்லையே ஓர் உந்து உந்தினால் வண்டி கிளம்பும். எங்கள் பக்கத்து மகாஜனங்கள் புண்ணியத்துக்காக நட்ட கற்களெல்லாம் என் ஒருவனுக்காக நட்டவை என்றே நான் நம்பினேன்.

புறப்படும்போது அக்கா கேட்டாள்:

"எலே, ஏறத் தெரியாதவனுக்கு மலை எதுக்குலே?"

"வழியெல்லாம் சுமைதாங்கி கெடக்கு."

"மலைக்கு மேல? ஒண்ண தலையில தூக்கி வச்சுட்டுப் போவியா?"

"நீ போ அக்கா. கடுதாசி மத்தியானத்துக்குள்ள அங்க இருக்கும்."

அதற்குமேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. அக்கா பேச்சை நிறுத்தினால் சந்தேகப்பட வேண்டும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

திட்டுவிளை தாண்டி அருமநல்லூர்ப் பக்கம் போகும்போது முன்னால் ஜல் ஜல்லென்று மணி கேட்டது. வேலப்பன்! விடியுமுன்னே கிளம்பியவரைப் பிடித்துவிட்டேன். நான் என் மணியை அடித்தேன். சர்க்கார் மணியிடமே வழி கேட்ட முதல் பிரஜை நானாகத்தான் இருப்பேன். அவர் சிரித்துக்கொண்டே ஒதுங்கினார், ஓட்டத்தை நிறுத்தாமல்.

"எங்கயாக்கும் சாரே, இவ்வளவு வெப்ராளமா பறக்கீரு?"

"மலைக்கு!"

"கடுதாசி உண்டும்னா இஞ்ச தாரும். நான் அங்கதானே போறேன்."

"வேலப்பண்ணே, நீரு வந்து சேருகதுக்குள்ள நான் ரெண்டு சாயா குடிச்சிருப்பேன்!"

"சாரமில்ல, போவும் சாரே. ஏத்தத்துல பாப்போம்."

தடிக்காரன்கோணத்துக்கு அப்பால் ஒரு சுமைதாங்கியில் இறங்கித் தண்ணீர் குடித்து, மறுபடி அதைப் பிடித்தே ஏறினேன். அதுதான் கடைசிச் சுமைதாங்கி. அது கடைசி என்று கல்லில் யாரும் எழுதி வைக்கவில்லை.

பிறகு சரல் பாதை. இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்தச் சத்தம் கேட்கிறது. டயருக்கடியில் சரல், வறுகடலையை மெல்லுவதுபோல் நறநறக்கும். இரண்டு பக்கமும் காடு. முந்தின நாள் பெய்த கோடை மழையில் மண்ணும் இலையும் ஊறிக் கிளப்பிய வாசனை. வெயில் தரைக்கு வராமல் உச்சிக் கிளைகளிலேயே தங்கிவிட்டது. உலகத்தில் என்னைப்போல் ஒரு மாப்பிள்ளை உண்டா என்று நினைத்தேன். அந்த நினைப்பு முடிவதற்குள் முன்சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கியது. நானும் இறங்கினேன், எனக்குத் தெரிந்த ஒரே முறையில்.

காட்டில் பிடித்து ஏற மரமா இல்லை என்று கேட்பீர்கள். இருந்தது. ஒரு மரத்தைப் பிடித்து ஏறி உட்கார்ந்தேன். உந்தினேன். ஏற்றமல்லவா? சைக்கிள் முன்னால் போகாமல் பின்னால் வந்தது. அடுத்த மரம். அதிலும் பின்னால். இப்படி ஏழெட்டு மரத்தை முயன்று பார்த்ததில், முதலில் விழுந்த இடத்துக்குக் கொஞ்சம் கீழே வந்து சேர்ந்திருந்தேன்.

அப்போது கீழேயிருந்து ஜல் ஜல்.

நான் சைக்கிளோடு பாதையின் குறுக்கே கிடந்தேன். வேலப்பன் வந்தார்.

"வழி விடும் சாரே. அஞ்சல்."

"வேலப்பண்ணே, கொஞ்சம் பிடிச்சுக்கிட்டா ஏறிருவேன்..."

"நின்னா எனக்கு வேல போயிரும், கேட்டியளா." என்னை ஒரே தாண்டாகத் தாண்டினார். "சாயா சூடா இருக்கும். பைய வாரும்!"

ரொம்ப நேரம் அந்த மணிச்சத்தம் மேலே மேலே போய்க்கொண்டே இருந்தது. நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தேன். ஒரு வளைவில் ஆவி பறக்க யானைச் சாணப் பிண்டம் கிடந்தது. சைக்கிள் மணிச்சத்தம் கேட்டால் யானை ஓடிவிடும் என்று எனக்கு யார் சொன்னதென்று நினைவில்லை. யானைக்கு யாராவது சொல்லியிருக்கிறார்களா என்ற சந்தேகத்தோடேயே கட்டைவிரல் வீங்கும்வரை அடித்தேன். யானை வரவில்லை. அட்டைகள் வந்தன. குடும்பத்தோடு வந்தன.

மேலே ஓர் ஆறு. பாலம் கிடையாது, உருண்டைக் கற்களில் கால் வைத்துக் கடக்க வேண்டும். பாதி ஆற்றில் பாசி என்னை ஒரு பக்கமும் சைக்கிளை ஒரு பக்கமும் அனுப்பியது. இரண்டு பேரும் கரை சேர்ந்தபோது முன்சக்கரம் பொரித்த அப்பளம்போல் வளைந்திருந்தது. இனி உருட்டவும் முடியாது. விட்டுவிட்டுப் போகவும் மனமில்லை. நனைந்த கோட்டைக் கழற்றிச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்து, அதன்மேல் சைக்கிளைத் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தேன். கடிதம் கோட்டுப் பைக்குள் இருந்தது என்பது எனக்கு ஞாபகமே இல்லை. (நான் வாத்தியார் என்பதை முன்பே சொல்லிவிட்டேன்.)

காடு முடிந்ததும் சட்டென்று ஒரு புல்மேடு திறந்தது. தோட்டத்து மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. பனிமஞ்சு அவற்றின் கால்களுக்கிடையே புகுந்து புகுந்து போனது. தூரத்தில் கோயில் சிலுவையும் ஓட்டு வீடுகளும். அத்தனை அழகான இடத்துக்கு அத்தனை அலங்கோலமாக யாரும் போய்ச் சேர்ந்திருக்க மாட்டார்கள். மாடுகள் மேய்ச்சலை நிறுத்தி என்னைப் பார்த்தன.

கணக்கப்பிள்ளை வீட்டு முற்றத்துக்குள் நுழைந்தபோது மணி நாலிருக்கும். மாமனார் எட்டிப் பார்த்தார். சைக்கிளுக்கடியில் முகம் தெரியவில்லைபோலும்.

"பிள்ளே, பழைய இரும்பு எடுக்கிற ஆளு வந்திருக்கான். வேண்டாம்னு செல்லு."

சொல்ல வந்தவள் நேசபாய். என்னைப் பார்த்தாள். காலில் தொங்கிய அட்டைகளைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். உள்ளே போய்ப் பாத்திரத்தை எதையோ தள்ளிவிட்டுச் சிரித்த சத்தம் முற்றம்வரை கேட்டது.

நான் சைக்கிளை இறக்கிவிட்டு, "மாமா, அறிக்கைக் கடுதாசி" என்று மூச்சுவாங்கினேன். அப்போதுதான் சும்மாடு ஞாபகம் வந்தது. பிரித்தேன். பைக்குள்ளிருந்து கூழ்போல் ஒன்று வந்தது. அதை மெதுவாக விரித்துப் பார்த்தார் மாமனார். என் பெயர் கரைந்திருந்தது. அவர் மகள் பெயரும் கரைந்திருந்தது. நடுவில் 'தடை' என்ற ஒரே ஒரு சொல் மட்டும் மை கலையாமல் நின்றது.

 ஆவணி தெரிந்தது. மலேயாக்காரனின் போட்டோ தெரிந்தது.

மாமனார் உள்ளே போய் ஓர் உறையை எடுத்து வந்தார். போதகர் ஐயாவின் அதே கடிதம், அதே கையெழுத்து, மொடமொடவென்று காய்ந்து. "இது மத்தியானமே வந்தாச்சு. கோயில்ல காட்டி, நாளைக்கு வாசிக்கச் சொல்லியும் ஆச்சு," என்றார். கூடவே ஒரு துண்டுக் கடுதாசியும் நீட்டினார். என் அக்காவின் கையெழுத்து, முந்தின நாள் தேதியிட்டு:

'தம்பி கடிதத்தோடு சைக்கிளில் வருகிறான். ஆகையால் ஐயாவிடம் இன்னொன்று எழுதி வாங்கி அஞ்சலில் அனுப்புகிறேன்.'

அந்த 'ஆகையால்' என்ற சொல்லை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அருமநல்லூரில் மணியடித்து நான் முந்தியதும், ஏற்றத்தில் என்னைத் தாண்டிப் போனதும் என் கல்யாணக் கடிதம்தான்!

மறுநாள் வாசித்தார்கள். யாரும் தடை சொல்லவில்லை. (மாடுகளுக்குப் பேச்சு வராது.) மூன்று வாசிப்பும் முடிந்த வாரம் கல்யாணம். மாலையில் இடவப்பாதி இடி முழங்கியது. பந்தியில் வேலப்பன் என் இலைக்கு எதிரே உட்கார்ந்து, "சாரே, சாயா?" என்று மட்டும் கேட்டார்.

இன்றைக்கு அந்தப் பாதையில் பஸ் போகிறது. வேலப்பனும் இல்லை, அக்காவும் இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் யாரிடமாவது ஒரு முக்கியமான வேலையை ஒப்படைத்தால், "அஞ்சல்லயும் ஒண்ணு போட்டிரு" என்று இன்னும் சொல்லுகிறார்கள். அஞ்சல் என்றால் என்னவென்று அறியாத பேரப்பிள்ளைகளும் சொல்லுகிறார்கள்.

போன கிறிஸ்மஸுக்குப் பிள்ளைகள் கூடியிருந்தபோது, ஆச்சியைக் கட்டுவதற்காக ஆறும் காடும் தாண்டி மலைக்குச் சைக்கிளில் போனவன் நான் என்று கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தினேன். ஒருவரும் நம்புகிற மாதிரி தெரியவில்லை. அச்சு முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்த நேசபாயைச் சாட்சிக்கு இழுத்தேன்.

"நீயே செல்லு. நான் அன்னைக்கு சைக்கிள்ல வந்தேனா, இல்லியா?"

அவள் சட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சைக்கிளுதான் ஒங்க தலையில வந்துச்சு."