ஒரு வயது மூத்தவர்

"என் பேருக்குப் பக்கத்துல என்னங்க இது, அம்பத்தி நாலுன்னு?"

அயிமான் கணவரின் கைப்பேசியைச் செத்த எலியைத் தூக்குவதுபோல் இரண்டு விரலால் பிடித்திருந்தாள். தோக்தார் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், பொரித்த மாவுருண்டை ஒன்றைத் தேநீரில் தோய்த்தார்.

"உன் வயசு."

"என் வயசு எனக்குத் தெரியாதா? அதை எதுக்கு ஊருக்கெல்லாம் தண்டோரா போடணும்?"

"தண்டோரா இல்ல, கணக்கு. பிறந்த தேதியைப் போட்டுட்டா, இன்னிக்கு என்ன வயசுன்னு அதுவே கழிச்சுப் பேர் பக்கத்துல காட்டும். எல்லாருக்கும் அப்படித்தான் வச்சிருக்கேன்."

"எனக்கு மட்டும் எடுத்துடுங்க."

"விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்."

இந்த வேலையில் அவர் இறங்கியதற்கு ஒரு காரணம் இருந்தது. தராஸ் நகரத்துப் பேருந்துப் பணிமனையில் உதிரிபாகக் கிடங்கு அவர் பொறுப்பு. யாருக்குப் பிறந்தநாள், யாருக்கு மரியாதைக்கு அங்கி போர்த்த வேண்டும் என்பதெல்லாமும் வெகுகாலமாக அவர் தலையில்தான் விடிந்திருந்தது. போன வருஷம் காசாளர் ரௌஷனுக்கு ஐம்பது நிறைந்துவிட்டதென்று கேக்கில் ஐம்பது என்று எழுதி, எல்லாரையும் கைதட்ட வைத்தார். அவளுக்கு நாற்பத்தெட்டு. அதற்குப் பிறகு அவர் நீட்டிய ரசீது எதுவும் அவள் மேசையைத் தாண்டவில்லை.

ஆகவே பணியாளர் பிரிவிலிருந்து எல்லாருடைய பிறந்த தேதியையும் வாங்கி, அயிமானின் தேதியையும் சேர்த்துக்கொண்டார். கைப்பேசியின் பெயர்ப் பட்டியலில் புதிதாக ஒரு கட்டம் சேர்த்து, அதில் வயதைக் கணக்கிடும் விதியை எழுதினார். ஐம்பது, அறுபது என்று முழு எண் வந்தால் வாழ்த்து தானாகவே போய்விடும். பெண்கள் யாரும் வயதைக் குறைத்துவிடக் கூடாதென்று தேதிகளுக்குப் பூட்டுப் போட்டு, சாவியைப் பணியாளர் பிரிவிடமே விட்டுவிட்டார். பிறகு முழுப் பட்டியலையும் பணிமனையில் அத்தனை பேருக்கும் அனுப்பிவைத்தார். மனுஷனுக்கு ஒரே பெருமை.

"உங்களுக்கு எவ்வளவு காட்டுது?" என்றாள் அயிமான்.

"அம்பத்தெட்டு. ஆம்பிளைக்கு மறைக்க என்ன இருக்கு?"

அந்த நேரம் பார்த்து அவள் கையிலேயே கைப்பேசி அடித்தது. அவள் திரையைப் படித்தாள். "ஜுமபாய். அம்பத்தி ஏழு." பிறகு கணவரை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்க குர்தாஸ் உங்களைவிட இளசா இருக்காரே."

"கழுதைக்கும் எனக்கும் ஒரே வயசு. சரியாப் பாரு."

"நானா கணக்குப் போட்டேன்? உங்க விதி சொல்லுது."

தோக்தார் கைப்பேசியைப் பிடுங்கிப் பார்த்தார். ஜுமபாய், ஐம்பத்தேழு. இவருக்குப் பின் முழுசாக ஒரு வருஷம் கழித்துப் பிறந்திருக்கிறான். மாவுருண்டை தேநீரிலேயே ஊறிக் கரைந்து போயிற்று.

குர்தாஸ் என்றால் ஒரே வயதுக்காரர்கள். குர்தாஸ் என்ன கிண்டல் செய்தாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது. கோபித்தவன் மனுஷனே இல்லை என்பது ஊர் வழக்கம். அந்த ஒரு வழக்கத்துக்குக் கட்டுப்பட்டு தோக்தார் விழுங்கியது கொஞ்சமா நஞ்சமா? அவர் கல்யாணத்தன்று மாப்பிள்ளை ஏறும் குதிரையின் சேணவாரைத் தளர்த்திவிட்டு, பெண்வீட்டார் முன்னால் அவரை மண்ணைக் கவ்வ வைத்தவன் ஜுமபாய். போன குளிர்காலத்தில், தோக்தார் வீட்டில் இலவசமாக நாய்க்குட்டி தருகிறார்கள் என்று சந்தை முழுக்கச் சீட்டு ஒட்டினான். தோக்தார் வீட்டில் நாயே கிடையாது. குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வாசலில் நின்றவர்களுக்குப் பதில் சொல்லி மாளாமல், கடைசியில் ஒரு சிறுமி அழுதாளே என்று காசு கொடுத்து ஒரு குட்டி வாங்கித் தந்தார். அதையும் சிரித்துக்கொண்டே செய்தார். குர்தாஸ் அல்லவா?

இரண்டு பேரும் பள்ளியில் ஒரே பெஞ்சு. வகுப்பிலேயே குள்ளம் தோக்தார், பால்பல் கடைசியாக விழுந்ததும் அவருக்குத்தான். பெரிய பையன்கள் அவரை அடிக்க வந்தால் ஜுமபாய்தான் குறுக்கே பாய்வான். ஐம்பது நிறைந்தபோதும் செலவு மிச்சம் என்று ஒரே நாளில் ஒரே விருந்தாக வைத்தார்கள். "ஒரே வயசு, ஒரே ஆடு போதும்" என்று சொன்னவன் ஜுமபாய். இப்போது யோசித்தால் அதிலேயே திருட்டுத்தனம் இருந்திருக்கிறது.

"அம்பது வருஷம்," என்றார் தோக்தார். "அம்பது வருஷமா ஒரு பொடிப்பயல் என்னை டா போட்டுக் கூப்பிட்டிருக்கான்."

"நீங்களும்தான் அவரைக் கழுதைன்னீங்க."

"நான் பெரியவன், சொல்லலாம்."

மறுநாள் காலை பணிமனையில், எஞ்சினுக்குள் தலையை விட்டிருந்த ஜுமபாயின் முதுகில் தட்டிக் கைப்பேசியை நீட்டினார். சுற்றிலும் ஓட்டுநர்கள் நின்றிருந்தார்கள். அதுவும் நல்லதுதான், சாட்சி வேண்டாமா?

"இதுக்கு என்ன சொல்றே?"

ஜுமபாய் கையைத் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்தார். தோக்தாரின் முகத்தைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். சிரிக்கப்போகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

"என்னடா சொல்லணும்?"

"டாவா? வயசுல ஒரு நாள் மூத்தவனா இருந்தாலும், அவனை டா போட்டுப் பேசறவன் மனுஷப் பிறவியா? சொல்லுங்கப்பா, நீங்களே சொல்லுங்க. மூத்தவனைக் கிண்டல் பண்றவனுக்கு நம்ம சனத்துல என்ன பேரு?"

"வெட்கங்கெட்டவன்," என்றார் ஒரு ஓட்டுநர், கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று.

"கேட்டுக்கோ."

ஜுமபாய் எஞ்சின் மூடியைச் சாத்தினார். பிறகு தொப்பியைக் கழற்றி, கையை நெஞ்சில் வைத்துக் குனிந்தார். "மன்னிச்சுக்குங்க அண்ணே. தெரியாமப் பண்ணிட்டேன். இனிமே நீங்க சொன்னபடிதான்."

அண்ணே என்ற சொல் காதில் விழுந்ததும் தோக்தாருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. அந்தக் குளிர்ச்சி மதியச் சாப்பாடு வரைக்கும் தாங்கியது.

சாப்பாட்டுக் கூடத்தில் அவர் நுழைந்ததும் ஜுமபாய் எழுந்து நின்றார். அவர் எழுந்ததைப் பார்த்து எல்லாரும் எழுந்தார்கள். கதவுக்கு எதிரே, பெரியவர்கள் உட்காரும் இடத்தில் அவரை உட்கார வைத்தார்கள். மதிப்புக்குரியவருக்குக் கிண்ணத்தில் அடியில் கொஞ்சமாகத்தான் தேநீர் ஊற்றுவது வழக்கம். ஜுமபாய் ஒரு மடக்கு ஊற்றினார். குடித்தால் இன்னொரு மடக்கு. தோக்தார் அன்றைக்கு அடித்தொண்டைகூட நனையாமல் எழுந்தார்.

"அண்ணனுக்கு எலும்புக் கறி வைக்காதீங்க," என்று ஜுமபாய் சமையல்காரியிடம் கெஞ்சுவதும் காதில் விழுந்தது. "பல் பாவம்."

"என் பல்லுக்கு என்னடா கேடு?"

"ஒண்ணுமில்ல அண்ணே. நல்லாத்தான் இருக்கு, இந்த வயசுக்கு."

படியில் கையைத் தாங்கிப் பிடித்தார். கிடங்கில் மின்கலத்தைத் தூக்கப்போனால் ஓடிவந்து வாங்கிக்கொண்டார். இளம் ஓட்டுநர்களும் அதைப் பழகிக்கொண்டார்கள். வாரக் கடைசிக்குள் தோக்தார் ஒரு திருகாணியைத் தொட்டாலும் நாலு பேர் பாய்ந்து வந்தார்கள். மேலாளர் அவரைக் கூப்பிட்டு, "உங்களுக்குக் கிடங்குல குளிர் ஒத்துக்குதா?" என்று பரிவாக விசாரித்தார். அந்தப் பரிவில் ஓய்வூதிய வாசனை அடித்தது.

எல்லாவற்றையும் பொறுத்தாலும் ஆட்டத்தைப் பொறுக்க முடியவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு இருவரும் பலகையில் குழிக்கு ஒன்பது காய் போட்டு ஆடுவது வருஷக்கணக்கான பழக்கம். ஜுமபாய் எப்போதும் ஜெயிப்பார். ஜெயித்துவிட்டு, தோக்தாரின் மூளையை எந்த உதிரிபாகத்தோடு ஒப்பிடலாம் என்று ஒரு பிரசங்கம் செய்வார். இப்போது கையில் ஜெயிக்கிற காயை வைத்துக்கொண்டு பக்கத்துக் குழியில் போட்டுத் தோற்றார்.

"ஒழுங்கா ஆடு."

"அண்ணன்கிட்ட ஜெயிக்கலாமா? பாவம் இல்லையா?"

"சரி, தோத்தே. ஏதாவது கிண்டல் பண்ணு. வாயைத் திற."

"உங்களையா? நாக்கு அழுகிடும் அண்ணே."

தோக்தார் வீட்டுக்கு வந்து பொருமினார். ஒரு வார்த்தை திட்ட ஆளில்லாமல், திரும்பத் திட்டவும் ஆளில்லாமல், நாளெல்லாம் வாயைக் கட்டிப்போட்ட மாதிரி இருந்தது. "வேணும்னே பண்றான். மரியாதையாலயே என்னைக் கொல்றான்."

"கேட்டு வாங்கினது யாரு?" என்றாள் அயிமான். "போய், வேண்டாம்னு சொல்லுங்க."

"நானா? எல்லார் முன்னாடியும் நியாயம் கேட்டுட்டு, நானே போய் வேண்டாம்னு சொல்றதா? கைப்பேசிதான் தப்புன்னு ஆகணும். அப்பத்தான் மானம் மிஞ்சும்."

ஜுமபாயின் பிறந்த வருஷத்தை மாற்றப் பார்த்தார். பூட்டியிருந்தது, பூட்டியவர் அவரேதான். விதியை மட்டும் தொட முடிந்தது. ஆகவே விதியில் ஒன்றைக் கூட்டினார். ஜுமபாய்க்கு ஐம்பத்தெட்டு வந்தது. தோக்தார் தொடையைத் தட்டிக்கொண்டார். பிறகு தன் பெயரைப் பார்த்தார். ஐம்பத்தொன்பது. விதி எல்லாருக்கும் ஒன்றுதான் அல்லவா?

"அம்பத்தஞ்சா?" என்று சமையலறையிலிருந்து அயிமானின் குரல் வந்தது. அவள் கைப்பேசியிலும் அதே பட்டியல்தான். "ஏங்க, ராத்திரி சாப்பாடு வேணுமா வேண்டாமா?"

அவசர அவசரமாகப் பழையபடி மாற்றினார். ஆனால் அதற்குள் வாழ்த்துகள் கிளம்பிவிட்டன. மறுநாள் காலை ரௌஷன் கிடங்கு வாசலில் நின்றாள். கையில் கைப்பேசி, திரையில் பூங்கொத்துப் படமும் 'ஐம்பதாண்டு நிறைவுக்கு மனமார்ந்த வாழ்த்துகள், இப்படிக்குத் தோக்தார்' என்ற வரியும்.

"போன வருஷம் நாப்பத்தெட்டுல அம்பதாக்கினீங்க," என்றாள். "இப்ப நாப்பத்தொம்பதுல அம்பதாக்குறீங்க. நிஜமாவே அம்பது வர்றப்ப என்னைப் புதைச்சுடுவீங்களா?"

பின்னால் இன்னும் மூன்று பெண்கள் நின்றார்கள். தோக்தார் வாயைத் திறப்பதற்குள் ஜுமபாய் நடுவில் வந்து கைகளை விரித்தார்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. பெரியவர். வயசானா விரல் நடுங்கத்தான் செய்யும். நாமதான் பெரிய மனசு பண்ணணும்."

பெண்கள் தோக்தாரை இரக்கத்தோடு பார்த்துவிட்டுக் கலைந்தார்கள். அவருக்குக் கோபத்தில் காது சிவந்துவிட்டது. திட்டினால்கூடத் தேவலை, இந்த இரக்கத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

அந்தச் சனிக்கிழமை ஜுமபாய் வீட்டில் விருந்து. அவருடைய அக்கா குல்பரம் கரகந்தாவிலிருந்து பல வருஷம் கழித்து வந்திருந்தாள். சின்ன வயதில் இருவரையும் கையைப் பிடித்துப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனவள். இப்போது எழுபதை நெருங்கி, காது கொஞ்சம் மந்தமாகி, மூலையில் திண்டில் சாய்ந்திருந்தாள். தோக்தாரைப் பார்த்ததும், "வாடா குட்டிப்பயலே," என்று கன்னத்தைக் கிள்ளினாள். அந்த ஒரு வார்த்தையில் அவருக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. டா என்று கேட்டு எத்தனை நாளாயிற்று.

ஆனால் உட்கார விட்டார்களா? தலைமேட்டு இடத்தில் மெத்தை மேல் மெத்தையாகப் போட்டு அவரை ஏற்றினார்கள். வெந்த ஆட்டுத்தலையைத் தட்டில் வைத்து, இரு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார் ஜுமபாய். பந்தியில் மூத்தவருக்குத்தான் தலை. காதை அறுத்துப் பிள்ளைகளுக்கு, மற்றதை அவரவருக்கு என்று வெட்டி வெட்டிப் பிறர் கையில் கொடுத்து முடிக்கும்போது மூத்தவருக்கு நாக்கில் ஊறிய எச்சில் மட்டும்தான் மிஞ்சும்.

ஜுமபாய் தட்டை வைத்துவிட்டு, செம்பும் துண்டுமாகப் பக்கத்தில் மண்டியிட்டு, கை கழுவத் தண்ணீர் ஊற்றினார். "வெட்டுங்க அண்ணே. உங்க ஆசீர்வாதம் எங்களுக்கு வேணும்."

தோக்தார் கையில் எடுத்த கத்தியைக் கீழே வைத்தார்.

"போதும்டா," என்றார். "இந்தத் தலையும் வேண்டாம், மெத்தையும் வேண்டாம். நான் மூத்தவனாப் பிறந்தது என் தப்பா? அந்தப் பட்டியலை இன்னிக்கே அழிச்சுடறேன். நீ பழையபடி என்னை ஒரு வார்த்தை திட்டுடா. அம்பது வருஷமாத் திட்டினியே, இப்ப மட்டும் வாய்ல என்ன கொழுக்கட்டையா?"

ஜுமபாய் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு துடித்தது, அழுகையா, வேறு ஏதாவதா என்று சொல்ல முடியவில்லை. "பெரியவங்களைத் திட்ட வாய் வரலையே அண்ணே."

"என்னது, யாரைடா இவன் அண்ணேங்கறான்?" மூலையிலிருந்து குல்பரம் காதைத் திருப்பினாள். யாரோ உரக்க விளக்கினார்கள்: தோக்தார் மூத்தவர், ஜுமபாய் ஒரு வருஷம் சின்னவர், அதனால் தலை தோக்தாருக்கு.

அவள் தம்பியை ஒரு தினுசாகப் பார்த்தாள்.

"ஏன்டா ஜுமபாய், உன்னை விட்டுட்டு வீட்ல இருக்கமாட்டேன்னு இந்தத் தோக்தார் அழுத அழுகைக்கு இவங்கம்மா ரெண்டு வயசு கூட்டி எழுதிக் குடுத்துத்தான் பள்ளிக்கூடத்துல சேர்த்தாங்க. 'நான் பெரியவன்னு தெரிஞ்சா இவன் என்னைத் திட்டவே மாட்டான், சொல்லிடாதேக்கா'ன்னு அன்னிக்கே எங்கிட்ட சத்தியம் வாங்கினவன் நீ, இப்பப் போய் நீ திங்கவேண்டிய தலையை இந்தப் பொடியன் முன்னாடி வச்சிருக்கியே?"