பரிவட்டத்துக்கு நீட்டிய தலை

இந்த வருஷக் கொடையில் பரிவட்டம் தன் தலையில்தான் ஏற வேண்டும் என்று சௌந்தரபாண்டியன் சபதம் எடுத்தார். அந்தத் தலையில் அதுவரை ஏறியிருந்தது கறுப்பு ஹேர் டை ஒன்றுதான்.

கான்சாபுரம் பக்கம் அவருடைய பூர்வீக ஊர். அங்கே அம்மன் கோவில் கொடைத் திருவிழாவில் முதல் மரியாதை என்பது தலையில் கட்டும் ஒரு முழப் பட்டுத்துணி. அந்த ஒரு முழத்துக்காக அண்ணன் தம்பி முகம் பார்க்காத வீடுகள் அங்கே உண்டு. இந்த முறை ஊர்க்கூட்டம் அதை எம்.எல்.ஏ. சண்முகத்தாய்க்கு என்று முடிவு செய்துவிட்டது. ஒரு பெண்ணுக்குப் பரிவட்டம், ஊரில் இதுவே முதல் தடவை. சௌந்தரபாண்டியன் அந்த எம்.எல்.ஏ.வின் புருஷன். அந்த உத்தியோகத்துக்குச் சம்பளமும் இல்லை, சல்யூட்டும் இல்லை.

அதையாவது பொறுத்துக்கொண்டிருப்பார். சட்டசபையில் எழுந்து நின்ற மகராசி பாலம் கேட்டாளா, பஸ் கேட்டாளா? பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நாப்கின் கேட்டாள். அதை எரிக்க மெஷின் கேட்டாள். கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கேட்டாள். கேட்டதோடு விட்டாளா, வாங்கியும் வந்துவிட்டாள். அன்றிலிருந்து இராஜபாளையம் டீக்கடையில் சௌந்தரபாண்டியன் பெயர் 'நாப்கின் வீட்டுக்காரர்'.

இத்தனைக்கும் காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி நெய்து விற்றே பங்களா கட்டிய மனுஷர் அவர். ஊரார் ரத்தத்தில் வந்த காசு அவருக்கு இனித்தது. வீட்டுப் பெண்ணின் ரத்தம் என்றால் மட்டும் குமட்டும். வாயால் சொல்லவே மாட்டார். 'அந்தச் சமாச்சாரம்' என்பார், அதையும் சுவரைப் பார்த்துச் சொல்வார்.

வீட்டில் அவர் சட்டம் கறாரானது. அந்த மூன்று நாளும் சண்முகத்தாய் அடுப்பங்கரைப் பக்கம் தலை காட்டக் கூடாது, மாடி அறையிலேயே கிடக்க வேண்டும். சமையலுக்கு ஆள் வைக்கவும் கூடாது. வெளியாள் கை பட்ட சோறு அவர் தொண்டையில் இறங்காதாம். இரண்டு சட்டத்தையும் சேர்த்துப் போட்டால் மிஞ்சுவது அவருடைய கை மட்டும்தான் என்பது சட்டம் போட்ட மூளைக்கு எட்டவில்லை. மாசாமாசம் அவரே ரசம் வைத்தார். அவரே மாடிப்படியில் தட்டை வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு இறங்கினார்.

இந்த முறை அந்தக் கஷ்டத்திலிருந்தே அவருக்கு யோசனை பிறந்தது. சண்முகத்தாய் மாடி ஏறுவது மாசம் தவறினாலும் தவறாத கணக்கு. ஊர்க்கூட்டத்தில் போய், நல்ல நாள், விசேஷமான செவ்வாய் என்று அடித்துப் பேசி, கொடையை அந்த நாட்களுக்குள்ளேயே நகர்த்திவிட்டார். அவள் மாடியில், பரிவட்டம் தன் தலையில்.

அவர் நினைத்தது போலவே கொடைக்கு முந்தின நாள் சண்முகத்தாய் தலையணையும் ஃபைலுமாக மாடி ஏறினாள்.

"என்னங்க, இன்னைக்கு அடுப்பு ஒங்களோடது."

"அதுக்கென்ன? நீ நல்லா ரெஸ்ட் எடு ஏட்டி. நாளைக்குக் கோவிலுக்கு நான் போயிக்கிடுதேன்."

"அப்பளம் ரெண்டு கூடச் சுடுதீகளா?"

"நாலு சுடுதேன்!"

அப்பளம் என்றாலே முறைக்கிறவர், பாட்டுப் பாடிக்கொண்டு சுட்டார். படியில் நின்று அதைக் கேட்ட சண்முகத்தாய், கோவில் தர்மகர்த்தா காசிராஜனின் மனைவி மாரிக்கனிக்கு போன் போட்டாள்.

"ஏட்டி மாரிக்கனி, கொடைத் தேதிய நகத்தச் சொன்னது யாரு?"

"ஒங்க வீட்டு அண்ணாச்சிதான் மதினி. ஒத்தக்கால்ல நின்னாகளாமே."

சண்முகத்தாய் போனை வைத்துவிட்டு நாலு அப்பளத்தையும் சாப்பிட்டாள்.

மறுநாள் சௌந்தரபாண்டியன் புது வேட்டி சரசரக்கக் கோவில் வாசலில் நின்றார். காசிராஜன் பரிவட்டத் தட்டோடு வந்தார்.

"எம்.எல்.ஏ. அம்மா எங்க அண்ணாச்சி?"

"அவ வரல. மரியாதைய நானே வாங்கிக்கிடுதேன்."

"சென்னைக்குப் போயிட்டாகளோ?"

"வீட்டு மாடியில இருக்கா."

"மேலுக்குச் சொகமில்லையா?"

"சொகமாத்தான் இருக்கா. ஆனா... அந்தச் சமாச்சாரம்."

"எந்தச் சமாச்சாரம்?"

"மாசாமாசம் வருமேவே!"

"கேபிள் காசா?"

"தூரம்வே! வீட்டுல தூரம்!"

பக்கத்தில் நின்ற பூசாரி கையில் இருந்த மைக் சும்மா இருக்கிறது என்று சௌந்தரபாண்டியன் நினைத்திருந்தார். நாலு திசைக் குழாயும் அவர் குரலில் 'தூரம்' என்று முழங்கின. கரும்பு பிழிகிறவன்கூட மெஷினை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான். மானம் போனால் போகிறது, மரியாதையாவது வரட்டும் என்று சௌந்தரபாண்டியன் தலையைக் குனிந்து நீட்டினார்.

அப்போது கார் வந்து நின்றது. சண்முகத்தாய் பட்டுச்சேலையில் இறங்கினாள்.

காசிராஜன் தட்டோடு பின்வாங்கினார். "அம்மா, அண்ணாச்சி இப்பத்தான் நீங்க வந்து... இதுன்னு..."

"கேட்டேன். ஊரு எல்லையிலயே கேட்டுச்சு." அவள் மைக்கை வாங்கினாள். "எல்லாரும் கை தட்டுங்க. நம்ம பிள்ளைக டீச்சர்கிட்டகூடச் சொல்லக் கூசுற விசயத்த எங்க வீட்டுக்காரவுக மைக்கு வச்சுச் சொல்லிட்டாக. அது வந்திருந்தாலும் நான் இங்க நின்னுருப்பேன். ஆத்தாளும் பொம்பளதான, அவளுக்குத் தெரியாதா? ஆனா அவியளுக்கு ஒண்ணு தெரியல. எனக்கு அது நின்னு மூணு வருசமாச்சு."

பெண்கள் பக்கம் சிரிப்பு அடங்கவே இல்லை. மாரிக்கனி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். பரிவட்டம் குனிந்த தலையைத் தாண்டிப் போய் சண்முகத்தாய் தலையில் ஏறியது.

"வெள்ளிக்கெழம ஸ்ரீவில்லிபுத்தூர்ல பொம்பளப்பிள்ளைக பள்ளிக்கூடத்துல நாப்கின் மெஷின் தொறக்குறோம்," என்று அவள் முடித்தாள். "அங்க எங்க வீட்டுக்காரவுகதான் பேசுதாக."

இருவரும் ஒரே காரில் திரும்பினார்கள். கிருஷ்ணன்கோவில் தாண்டியதும்தான் சௌந்தரபாண்டியன் மூளைக்குள் கணக்கு ஓடியது.

"ஏட்டி! மூணு வருசமா நின்னுபோச்சுன்னா, மாசாமாசம் எதுக்கு மாடியில போய்ப் படுத்த? நான் எதுக்கு ரசம் வச்சேன்? எதுக்குத் தட்டு கழுவுனேன்?"

"அது லீவுங்க. ஒங்க வீட்டுல பொம்பளைக்கு வேற லீவு எங்க இருக்கு?"

டிரைவர் ஜெயபாண்டிக்கு இருமல் வந்தது. சௌந்தரபாண்டியன் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அன்று முழுக்கத் தோற்றவருக்கு ஒன்றாவது ஜெயித்தாக வேண்டும்.

"ஒன் குட்டு வெளிச்சமாயிருச்சுல்லா! இனிமே ஒனக்கு அந்த லீவு கெடையாது, பாத்துக்க!"

"லீவு எதுக்குங்க?" என்றாள் சண்முகத்தாய், பரிவட்டத்தைச் சரி செய்துகொண்டே. "இன்னையிலருந்து நான் அடுப்பங்கரையில ரிட்டயர்டு."