நாற்பது கதிரைகள்

கனகலிங்கம் அழைப்புமணியை அழுத்தியதும், உள்ளே எரிந்துகொண்டிருந்த விளக்கு அணைந்தது.

அவர் அசையவில்லை. ஹம்பேர்க்கின் நவம்பர் மழை குடையிலிருந்து வழிந்து சப்பாத்துக்குள் இறங்கியது. மற்றக் கையில் கடற்பாசித் தூள் டின்கள் அடைத்த பை. உள்ளே தொலைக்காட்சி பாதி வசனத்தில் நின்றது. யாரோ இருமலை விழுங்கினார்கள். மீன் பொரிக்கும் வாசம் மட்டும் அணைக்க வழியில்லாமல் வெளியே வந்துகொண்டிருந்தது.

"அண்ணை, நான் கனகலிங்கம். நீங்கள் உள்ளுக்கை இருக்கிறியள் எண்டு தெரியும்," என்றார் கதவைப் பார்த்து.

மீனும் பொரிவதை நிறுத்தியது.

அடுத்த வீட்டுக்கு நடந்தார். அங்கே மணியை அழுத்தும் முன்பே இருட்டிவிட்டது. இவர் தெருமுனையில் திரும்பும்போதே தொலைபேசியில் செய்தி போய்விடுகிறது போலும்.

ஒரு வருடத்துக்கு முன்னால் இதே கனகலிங்கம் துறைமுகத்துக் களஞ்சியமொன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். பதினேழு வருட வேலை. இரண்டாயிரத்து ஒன்பது பிறந்தபோது கப்பல்கள் பாதி காலியாக வந்தன, பிறகு வராமலேயே நின்றன. களஞ்சியத்தில் முதலில் வேலை நேரத்தைக் குறைத்தார்கள். அடுத்ததாக ஆட்களைக் குறைத்தார்கள். குறைக்கப்பட்ட ஆட்களில் இவரும் ஒருவர்.

பிறகு ஒரு பாண் சுடும் தொழிற்சாலையில் சேர்ந்தார். கோடைக்குள் அதையும் மூடினார்கள். பத்திரிகை போடப் போனார். மாடிப்படிகள் முழங்காலைத் தின்றன. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் சந்திக்க நேரம் கேட்டு, டெர்மின் எடுத்துப் போனபோது, விண்ணப்பக் கடிதம் எழுதுவது எப்படி என்று ஐம்பத்திரண்டு வயதில் வகுப்பெடுத்தார்கள். வகுப்பில் படித்தபடியே எழுதி அனுப்பினார். பதில் போட்ட நிறுவனங்கள் எல்லாம் அவருடைய எதிர்காலத்துக்கு நல்வாழ்த்துச் சொல்லின. அந்த எதிர்காலத்தில் ஒரு கதிரை தருவதாக ஒன்றும் சொல்லவில்லை.

அப்போதுதான் ஸ்ரீநிவாஸ் வந்தான்.

மியூனிக் பக்கம் கார்ஹிங்கில் கம்ப்யூட்டர் வேலை பார்த்த சென்னைப் பையன். அவனுக்கும் வேலை போயிருந்தது. ஆனால் கோட்டும் டையும் போகவில்லை. ஒரு டின்னை மேசையில் வைத்து, தினமும் ஒரு கரண்டி தண்ணீரில் கலந்து குடித்தால் மூட்டுவலியிலிருந்து மனச்சோர்வு வரை எல்லாம் பறந்துவிடும் என்றான்.

"நீங்க விக்கவே வேண்டாம் சார். ஜஸ்ட் ஷேர் பண்ணுங்க. நீங்க நாலு பேரைச் சேர்ப்பீங்க, அவங்க ஆளுக்கு நாலு பேரைச் சேர்ப்பாங்க. அப்புறம் நீங்க தூங்குனாலும் வருமானம் வரும்."

தூக்கம் போய் மாதக்கணக்காகியிருந்த கனகலிங்கத்துக்கு அந்தக் கடைசி வாக்கியம் தேனாக இனித்தது. ஸ்ரீநிவாஸ் தாளில் வட்டங்கள் போட்டான். மேலே ஒரு வட்டம், அதில் கனகலிங்கம். கீழே வெறும் வட்டங்கள். அவற்றை நிரப்புவதா கடினம்? ஹம்பேர்க்கில் அவருக்குத் தெரியாத தமிழ்க் குடும்பம் இல்லை. எந்தக் கலியாணவீட்டிலும் சோற்று அண்டாவுக்குப் பக்கத்தில் முதல் ஆளாக நிற்கிறவர் அவர்.

வேலையிலிருந்து நிறுத்தியபோது கிடைத்த பணம் டின்களாக மாறி, கார்ல்ஸ்ரூஹேயில் படிக்கும் மகள் ஆதிரையின் அறையில் கூரை வரை ஏறியது. அவள் லீவுக்கு வந்தால் சோபாவில் படுத்தாள்.

இனி எல்லாம் இந்தச் சனிக்கிழமையின் கையில் இருந்தது. ஸ்ரீநிவாஸ் மண்டபம் ஒன்றை வாடகைக்கு எடுத்துவிட்டான். நாற்பது கதிரைகள். அவை நிரம்பினால் கனகலிங்கம் ஹம்பேர்க்குக்கே டீம் லீடர், மாதம் பிறந்தால் நிலையான சம்பளம். நிரம்பாவிட்டால் டீமை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்களாம்.

நனைந்த குடையோடு வீட்டுக்கு வந்தவருக்கு மனைவி ரஞ்சினி தேத்தண்ணி வைத்தாள். முதியோர் இல்லத்தில் வேலை செய்து களைத்த முகம்.

"இஞ்சருங்கோ, நாங்கள் ஒரு கொண்டாட்டத்துக்குப் போய் எவ்வளவு காலம்?"

"இந்த மந்தத்தில ஆர் கொண்டாடுகினம்?"

"எல்லாரும் கொண்டாடுகினம். எங்களுக்குச் சொல்லுறேல்லை."

கனகலிங்கம் கோப்பையைப் பார்த்தார். கோடையில் ஒரு பிறந்தநாள் விழாவில், கேக் வெட்டக் காத்திருந்த கூட்டத்துக்கு அவர் டின்னைத் திறந்து காட்டியது நினைவுக்கு வந்தது. கேக் வெட்ட வேண்டிய குழந்தை அழுதிருந்தது.

ரஞ்சினி சத்தம் போடவில்லை. சனிக்கிழமை ஆட்கள் வந்தால் சரி, வராவிட்டால் டின்கள் வெளியே போக வேண்டும், அவர் தன்னோடு முதியோர் இல்லத்துக்குத் துடைக்கிற வேலைக்கு வர வேண்டும் என்றாள். பிறகு ஒன்று சொன்னாள். "காசு போனது போகட்டும். சனம் போயிட்டுது. அதுதான் எனக்குத் தாங்க ஏலாமல் கிடக்கு."

மறுநாள் கனகலிங்கம் முறையை மாற்றினார். தன் எண் தெரியாதபடி தொலைபேசியில் அழைத்தார். முதல் இரண்டு பேர் எடுத்தார்கள். குரலைக் கேட்டதும் ஒருவர் குளிப்பதாகச் சொன்னார், இன்னொருவர் தான் இப்போது கனடாவில் இருப்பதாகச் சொன்னார். அதன்பிறகு எண் காட்டாத அழைப்பை ஹம்பேர்க் தமிழர் ஒருவரும் எடுக்கவில்லை. அகதி விண்ணப்ப அலுவலகத்திலிருந்து வந்த அழைப்பை இவர் என்று நினைத்து வெட்டிய ஒருவர், இவரை ஊர் முழுக்கத் திட்டித் தீர்த்தார்.

சரி, வியாபாரம் இல்லை, சும்மா வந்து ரோல்ஸ் சாப்பிட்டுப் போங்கள் என்று சொல்லிப் பார்த்தார். அது இன்னும் மோசமாகப் போயிற்று. 'வியாபாரம் இல்லை' என்று தொடங்க வேண்டும் என்பது கம்பெனி கற்றுக்கொடுத்த முதல் பாடம். அதை ஏற்கெனவே எல்லார் வீட்டிலும் சொல்லியிருந்தார்.

கோயிலுக்குப் போனார். பிரசாத வரிசையின் கடைசியில் நின்று, சுண்டல் வாங்கி வந்தவர்களிடம் சின்னக் கடதாசிக் கிண்ணத்தில் பச்சைத் தூள் கரைத்து நீட்டினார். தீர்த்தம் என்று நம்பி ஒரு கிழவர் கண்ணை மூடிக் குடித்தார். பிறகு கண்ணைத் திறக்க அவருக்கு வெகுநேரம் பிடித்தது. நிர்வாகசபை கனகலிங்கத்தை மரியாதையாக வாசலுக்கு வெளியே நின்று கும்பிடச் சொல்லிவிட்டது.

கடைசியில், ஓட முடியாத ஒருவரைத் தேடினார். தூரத்து உறவான கமலநாயகி அக்கா இடுப்பு ஒப்பரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தா. தோடம்பழமும் டின்னுமாகப் போய் நின்றார். அக்கா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டா. மறுநாளே, நடக்கப் பழகும் முன்பே, தன்னை வீட்டுக்கு அனுப்பும்படி டாக்டரிடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு டாக்ஸியில் போய்விட்டா.

வியாழக்கிழமை. நாற்பது கதிரைகளில் ஒன்றுகூட நிரம்பவில்லை.

ரஞ்சினியின் தம்பி சோதிலிங்கம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் மளிகைக்கடை வைத்திருந்தான். தமிழர்கள் கறிவேப்பிலைக்கும் முருங்கைக்காய்க்கும் அவனிடம்தான் வர வேண்டும். அதிகம் பேசாத ஆள். கனகலிங்கத்திடம் முதலில் டின் வாங்கியவனும் அவன்தான். அது விற்காமல் மிளகாய்த்தூளுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது.

கனகலிங்கம் கடையின் பின்பக்கம் அரிசிமூட்டையில் போய் உட்கார்ந்தார். எல்லாவற்றையும் சொன்னார்.

"சோதி, கூலி வேலைக்குப் போக எனக்கு வெக்கமில்லை. இத்தனை வருசம் இந்தச் சனத்துக்குள்ள வாழ்ந்து, நான் கூப்பிட்டு ஒருத்தரும் வரேல்லை எண்டுறதுதான்…"

சோதிலிங்கம் வெண்டிக்காய் பிரிப்பதை நிறுத்தி அவரையே பார்த்தான்.

"அத்தான், சனத்தை நான் கொண்டுவாறன். மண்டபம் நிரம்பும்."

"எப்பிடி?"

"அதைக் கேக்காதேங்கோ. ஒண்டு மட்டும் செய்யுங்கோ. வெள்ளி பின்னேரத்திலயிருந்து ஒருத்தற்ற கண்ணிலயும் படாதேங்கோ. போனைக் கழட்டி வையுங்கோ. ஆர் மணி அடிச்சாலும் திறக்காதேங்கோ. லைற்றும் போடவேண்டாம்."

"ஏனடா?"

"உங்களைக் கண்டால் வரமாட்டினம்."

அதில் இருந்த உண்மையை மறுக்கக் கனகலிங்கத்தால் முடியவில்லை.

வெள்ளிக்கிழமை ரஞ்சினிக்கு, வேலைக்கு வராத ஒருத்திக்கும் சேர்த்து மறுநாள் மத்தியானம் வரை வேலை; அங்கே வேலை நேரத்தில் போன் எடுக்க விடமாட்டார்கள். கனகலிங்கம் தனியாக இருட்டில் உட்கார்ந்திருந்தார். மாலையில் அழைப்புமணி அடித்தது. அவர் துள்ளி எழுந்தார். எத்தனை மாதத்துக்குப் பிறகு அந்த மணி அடிக்கிறது. மீண்டும் அடித்தது. வாசலில் மெல்லிய பேச்சுக்குரல்கள். கதவுப் பிடி வரை போன கையைத் திருப்பி எடுத்துக்கொண்டார். விளக்கை அணைத்துவிட்டு உள்ளே இருப்பவர்கள் எப்படி மூச்சுவிடுவார்கள் என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

சோதிலிங்கம் என்னவோ செய்கிறான். மந்திரமோ தந்திரமோ, வேலை செய்கிறது.

சனிக்கிழமை காலையில் சோதிலிங்கம் அவரைப் பின்வாசல் வழியாக அழைத்துப் போய், மேடைக்குப் பின்னால் இருந்த சிறிய சமையலறையில் விட்டான். "நீங்கள் கடைசியில வந்தால் போதும்," என்று கதவைச் சாத்தினான். பரிமாறும் சின்ன ஜன்னலின் பலகை இடுக்கு வழியாகக் கனகலிங்கத்துக்கு மண்டபம் கொஞ்சம் தெரிந்தது.

புதிய டீம் லீடருக்கு மரியாதை என்று ஸ்ரீநிவாஸ் அவருடைய படத்தைப் பெரிதாக்கி மியூனிக்கிலிருந்து சுமந்து வந்திருந்தான். வாசலில் அதை நிறுத்தியிருந்தார்கள். பக்கத்தில் சோதிலிங்கம் வெள்ளைப் பூக்கள் வைத்து, ஒரு குத்துவிளக்கும் ஏற்றியிருந்தான். நல்ல காரியத்துக்கு விளக்கு ஏற்றுவது ரொம்ப ப்ரொஃபெஷனல் டச் என்று ஸ்ரீநிவாஸ் பாராட்டினான்.

பத்து மணிக்கு நிகழ்ச்சி. பத்து என்றால் பன்னிரண்டுக்கு வரும் சனம் அன்று ஒன்பதரைக்கே வரத் தொடங்கியது.

கனகலிங்கத்தால் நம்ப முடியவில்லை. மீன் பொரித்த வீட்டு அண்ணை வந்தார், மனைவி பிள்ளைகளோடு. கனடாவில் இருந்தவர் வந்தார். கோயில் நிர்வாகசபை முழுதாக வந்தது. நாற்பது கதிரைகள் போதாமல் சுவரோரம் நின்றார்கள். கமலநாயகி அக்கா ஊன்றுகோலோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தா. ஒருவரும் சத்தமாகப் பேசவில்லை. ஒருவரும் ரோல்ஸ் தட்டைத் தொடவில்லை. இவ்வளவு அக்கறையாக ஒரு வியாபாரக் கூட்டத்துக்கு வந்த தமிழர்களை ஸ்ரீநிவாஸ் ஐரோப்பாவில் எங்குமே பார்த்ததில்லை.

கமலநாயகி அக்கா பக்கத்தில் இருந்தவளிடம் சொல்வது இடுக்கு வழியாகக் கேட்டது. "தோடம்பழத்தோட வந்து நிண்டவர். ஒரு வார்த்தை கதைச்சிருக்கலாம் நான்."

"நாங்கள் லைற்றை அணைச்சனாங்கள், அக்கா," என்றாள் மீன் பொரித்த வீட்டுக்காரி.

கனகலிங்கத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. சனம் கெட்டதல்ல. காலம்தான் கெட்டது. சம்பளத்தைக்கூட அந்த நிமிடத்தில் அவர் மறந்தார். ரஞ்சினி இதைப் பார்க்கவில்லையே என்ற ஒரு குறைதான். இவ்வளவு பேர். தனக்காக.

ஸ்ரீநிவாஸ் மேடையேறினான். கறுப்புக் கோட்டுகள் நிறைந்த மண்டபத்தைப் பார்த்ததும் அவன் குரலே கம்பீரமாயிற்று.

"நம்ம கனகலிங்கம் சார் வாழ்க்கை முழுக்க உழைச்சார். மழை, பனி பார்க்கலை. கடைசியில என்ன கிடைச்சது? கவலைதான். இனிமே அவருக்கு எந்தக் கவலையும் கிடையாது. காலையில அலாரம் வெச்சு எழுந்திருக்க வேண்டாம். எந்த மேனேஜரும் அவரைக் கூப்பிட முடியாது. ஹி இஸ் ஃப்ரீ."

முன்வரிசையில் யாரோ விம்மினார்கள். இன்னொரு விம்மல் சேர்ந்தது. பெண்கள் கைக்குட்டையைத் தேடினார்கள். தன் பேச்சுக்கு இப்படி ஒரு சக்தியா என்று ஸ்ரீநிவாஸே ஒரு கணம் திகைத்தான். பிறகு உற்சாகம் தலைக்கேறக் கையை உயர்த்தினான்.

"அவர் போன பாதையில நீங்க எல்லாரும் சீக்கிரமே போகணும். அதுதான் என் ஆசை."

விம்மல் நின்றது.

"எப்படிப் போனார்னு, இப்ப அவரே உங்க முன்னாடி வந்து பேசுவார். வாங்க சார்."

எங்கோ ஒரு கதிரை சாய்ந்து விழுந்தது.

சமையலறையில் கனகலிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டையைச் சரிசெய்தார். தலையை வாரினார். வாழ்க்கையில் முதன்முறையாகத் தனக்காக நிறைந்திருக்கும் ஒரு மண்டபத்தை நோக்கி, கதவுப் பிடியில் கை வைத்தார்.

சோதிலிங்கம் ஓடிவந்து கதவில் முதுகைக் கொடுத்து நின்றான். முகம் வெளிறியிருந்தது.

"போகாதேங்கோ அத்தான். நீங்கள் செத்துப்போனியள் எண்டு சொல்லித்தான் இவ்வளவு சனத்தையும் கூப்பிட்டனான்."